மரப்பெஞ்சுக்குப் போகும் வழி

விடியற்காலை இருட்டில், வீட்டின் நாலு மூலைகளிலிருந்தும் ஒரே சமயத்தில் நாலு வாட்ச்சுகள் அலறின.

ராகவேந்திரன் அப்போது ஒரு கடற்கரையில் வெறுங்காலோடு நின்றுகொண்டிருந்தார். கப்பல் சங்கு ஊதுகிறது என்று நினைத்து அவசரமாகத் திரும்பியவர் கட்டிலிலிருந்து இறங்கிவிட்டார். வலது முழங்கால் ‘கடக்’ என்றது. கடல் மறைந்து மயிலாப்பூர் வந்தது.

“ஏன்னா, எழுந்தாச்சா?” என்று சமையலறையிலிருந்து காமாக்ஷி கேட்டாள். “முதல் நாளே படுத்துண்டுடாதேங்கோ.”

“நான் அப்பவே ரெடி” என்றார் ராகவேந்திரன், முழங்காலைப் பிடித்துக்கொண்டு.

கல்யாணமாகி இருபத்தைந்து வருஷம் ஆனதைக் கொண்டாட, அந்தமான் பக்கம் ஒரு குட்டித் தீவுக்குக் குடும்பத்தோடு போவதாக ஏற்பாடு. விடுதிக்காரர்கள் ஒரு நாள் காட்டுக்குள் நடக்க அழைத்துப் போவார்கள். மூன்று பாதைகள் உண்டு. எது உங்களுக்குச் சரிப்படும் என்று பார்த்துச் சொல்ல பூஜா என்று ஒரு பெண் இருந்தாள். போர்ட் பிளேரிலேயே பிறந்து வளர்ந்த தமிழ்ப் பெண்.

“முதல் பாதை கரையோரமாப் போகும் சார்” என்று அவள் வீடியோவில் சொல்லியிருந்தாள். “மெதுவா நடக்கலாம். முடியற இடத்துல ஒரு மரப்பெஞ்ச் இருக்கும். அதுல உக்காந்தா அலை வந்து காலைத் தொட்டுட்டுப் போகும். ரெண்டாவது, அருவிப் பாதை. கொஞ்சம் ஏத்தம். மூணாவது உச்சிப் பாதை. சில இடத்துல கயிறு பிடிச்சு ஏறணும்.”

மரப்பெஞ்ச் என்ற வார்த்தை காதில் விழுந்ததுமே ராகவேந்திரன் அதில் போய் உட்கார்ந்துவிட்டார். அதற்குப் பிறகு பூஜா சொன்னது எதுவும் அவருக்குச் சரியாகக் கேட்கவில்லை.

ஆனால் வாய் திறந்து அதைக் கேட்க முடியாது. கல்யாணமான புதிதில் சமையலறைச் சுவரில் அவர் ஆசையாக மாட்டிய ஒரு காலண்டர் தொங்கியது. நீலக் கடல், நடுவே பச்சையாக ஒரு மலை. ரசத்தை இறக்கி வைத்துவிட்டு அதைப் பார்த்த காமாக்ஷி, “இந்த உச்சில நின்னுண்டு ஒரு தடவை கடலைப் பார்க்கணும்” என்றாள். ஒரே ஒரு தடவைதான் சொன்னாள். அவர் அதை இருபத்தைந்து வருஷமாக மனசில் வைத்திருந்தார். இப்போது போய், ஆழ்வார்பேட்டை டாக்டர் படி ஏறாதே என்று சொல்லிவிட்டார், பேண்ட்டுக்குள் முழங்கால் உறை போட்டிருக்கிறேன் என்று எப்படிச் சொல்வது?

“நீங்களா சொன்னா நான் நம்ப மாட்டேன் சார்” என்று பூஜா சிரித்தாள். “எல்லாரும் நல்லா நடப்போம்னுதான் சொல்லுவாங்க. ரெண்டு வாரம் தினம் நடங்க. வாட்ச்ல பதிவாகறதை எனக்கு அனுப்புங்க. நானே பாதையை முடிவு பண்றேன்.”

மகள் ஹம்சினி அன்றே நாலு ஸ்மார்ட் வாட்ச்சுகள் வாங்கிவிட்டாள். அம்மாவுக்கு ரோஸ் கலர். மற்ற மூவருக்கும் கறுப்பு. யாருடைய நடை எவ்வளவு என்று எல்லோருடைய போனிலும் தெரியும்படி செய்ததும் அவள்தான். அவரவர் வேகத்தில் அவரவர் தனியாக நடப்பது என்று தீர்மானமாயிற்று.

முதல் நாள் ராகவேந்திரன் நியாயமாகத்தான் நடந்தார். கிழக்கு மாட வீதியில் காற்று சுகமாக வந்தது. தெற்கு மாட வீதி திரும்பும் இடத்தில் முழங்கால் பூட்டிக்கொண்டது. மூடியிருந்த ஒரு மருந்துக்கடைப் படியில் உட்கார்ந்து, ஆட்டோ பிடித்து வீடு வந்தார்.

இரவு சாப்பாட்டின்போது மகன் சுஹாஸ் போனைப் பார்த்தான். கல்லூரியில் இரண்டாம் வருஷம், நாக்கில் எட்டாம் வருஷம்.

“அப்பா, இது வாக்கிங்கா? இல்ல பூஜை ரூமுக்குப் போய்ட்டு வந்தியா?”

“உன்னுது மட்டும் என்னடா வாழறது?” என்றாள் ஹம்சினி. “அம்மாவைப் பாரு. நம்ம மூணு பேரையும் சேர்த்தாக்கூட அம்மாதான் ஜாஸ்தி.”

ராகவேந்திரன் திகைத்துப்போய் மனைவியைப் பார்த்தார். காமாக்ஷி குனிந்து மோர் ஊற்றிக்கொண்டிருந்தாள்.

“நான் சும்மா கோவிலைச் சுத்தினேன்” என்றாள். பிறகு மெதுவாக, “உங்களுக்கு முடியலைன்னா சொல்லிடுங்கோ. பாதகமில்லை” என்றாள்.

அந்தப் ‘பாதகமில்லை’யில் ஒரு காலண்டர் கிழிகிற சத்தம் ராகவேந்திரனுக்குக் கேட்டது. இவ்வளவு ஆசையா இவளுக்கு?

மறுநாள் அவர் மாட வீதியில் நடக்கவில்லை. நேராகக் குளக்கரை மூலைக்குப் போனார். அங்கே தெரு விளக்கின் கீழே கயல் உட்கார்ந்து மல்லி தொடுத்துக்கொண்டிருந்தாள். நொச்சிக்குப்பத்திலிருந்து வருகிறவள். விடிந்ததும் கூடையை எடுத்துக்கொண்டு புறப்பட்டால் லஸ் வரைக்கும் வீடு வீடாக ஏறி இறங்கி, வாசல் கதவுப் பையில் பூவைப் போட்டுவிட்டு எட்டு மணிக்கு மேல் இதே இடத்துக்குத் திரும்புவாள்.

ராகவேந்திரன் சுற்றுமுற்றும் பார்த்துவிட்டு வாட்ச்சைக் கழற்றினார்.

“கயல், இதைக் கொஞ்சம் வெச்சுக்கோ. நீ ரவுண்டு முடிச்சதும் வந்து வாங்கிக்கறேன்.”

கயல் ஆச்சரியப்படவில்லை. “கூட எடுத்துகினு நடக்கணும். அவ்ளோதான சார்?”

“எப்படிக் கண்டுபிடிச்சே?”

“நான் வேற இன்னா பண்றேன் சார்? நடக்கறதுதான என் பொழப்பு.”

“ஆத்துல யாருக்கும் தெரியக் கூடாது.”

“ஒருத்தர் சொன்னத இன்னொருத்தராண்ட சொல்ற பழக்கம் எங்கிட்ட கெடயாது சார்” என்று கயல் வாட்ச்சை வாங்கி இடுப்பிலிருந்த சுருக்குப்பையில் போட்டு இறுக்கினாள்.

நன்றிக்கு என்ன செய்வது என்று தெரியாமல் அவர் இரண்டு முழம் மல்லி கூடுதலாக வாங்கிக்கொண்டார்.

அதன்பின் காலை வேளைகள் சொர்க்கமாகிவிட்டன. லஸ் பக்கத்துப் பூங்காவில், மரத்தடியில் ஒரு பெஞ்ச். கண்ணை மூடினால் ரோட்டில் போகும் பஸ்ஸின் இரைச்சல் மெல்ல மெல்ல அலையாகும். மடியிலிருக்கும் மல்லியின் வாசனை உப்புக் காற்றாகும். பக்கத்தில் காமாக்ஷி உட்கார்ந்திருப்பாள், புடவையை லேசாகத் தூக்கிப் பிடித்தபடி. தண்ணீர் வந்து இருவர் காலையும் தொட்டுவிட்டுப் போகும். யாரும் எங்கேயும் ஏற வேண்டியதில்லை. யாராவது ‘சார், கொஞ்சம் நகருங்க’ என்று சொல்லும்வரை அவர் அந்தத் தீவிலேயே இருப்பார்.

வாரக் கடைசியில் பூஜா கூப்பிட்டாள்.

“சார், நான் பயந்துட்டே இருந்தேன். கரைப் பாதைதான் உங்களுக்குன்னு நெனச்சேன். ஆனா எல்லாரும் பிரமாதமா நடக்கறீங்க. எத்தனை மாடி ஏறியிருக்கீங்க தெரியுமா? உங்களுக்கு அருவிப் பாதை தாராளமாச் சரிப்படும்.”

ராகவேந்திரனுக்கு வியர்த்தது. லிப்ட் இல்லாத வீடுகளுக்கெல்லாம் கயல் படியேறிப் பூக் கொடுக்கிறாள் என்பது அப்போதுதான் உறைத்தது.

மறுநாள் காலையில் அவர் அவளிடம் கெஞ்சினார். “கொஞ்சம் கம்மியா நடக்கக் கூடாதா?”

“நல்லா கேட்ட சார். நான் கம்மியா நடந்தா பூ வாடாம நிக்குமா?”

“பாதியில எங்கேயாவது வெச்சுடேன்.”

“எங்க வெக்கறது? கூடைல வெச்சா அதுவும் என்கூடதான வரும்.”

மறுவாரம் பங்குனிப் பெருவிழா வந்துவிட்டது. மாட வீதிகளில் கால் வைக்க இடமில்லை. தேர், அறுபத்துமூவர் என்று மயிலாப்பூருக்கே பூ வேண்டியிருந்தது. கயல் ஒரு நாளில் நாலு தரம் கூடை நிரப்பினாள். ராகவேந்திரன் பெஞ்சில் உட்கார்ந்து, போனில் தன் கோடு மலை மாதிரி ஏறுவதைக் கலக்கத்தோடு பார்த்தார். ஆச்சரியம், மற்ற மூவரின் கோடுகளும் சளைக்காமல் கூடவே ஏறின. சரியான பரம்பரை, நான் ஒருத்தன்தான் தறுதலை என்று அவர் நினைத்துக்கொண்டார்.

வீட்டில் இன்னொரு விசித்திரம் நடந்தது. எங்கே பார்த்தாலும் பூ. அவர் வாங்கி வந்தது போதாதென்று ஹம்சினி இரண்டு முழம் கொண்டு வந்தாள். “அம்மாவுக்கு” என்றாள். அம்மாவின் பிறந்த நாளையே மறந்துபோகிற சுஹாஸும் ஒரு பந்து மல்லியை நீட்டினான். காமாக்ஷியே வேறு வாங்கி வைத்திருந்தாள். பிரிட்ஜில் தயிருக்கு மல்லிகை மணம் வந்தது. சாமி படங்கள் மூச்சு விட முடியாமல் நின்றன. சாயங்கால வேளையில், பால்கனிக் காற்றில், அந்த வீடே ஒரு தோட்டத்தோடு எங்கோ மிதந்து போவது போலிருந்தது.

“இந்த ஆத்துல இப்படி ஒரு பிரியமா?” என்று காமாக்ஷி தலையில் ஐந்தாவது சரத்தை வைத்துக்கொண்டே கேட்டாள்.

சனிக்கிழமை பூஜாவின் குரல் போனில் தழுதழுத்தது.

“சார், எத்தனையோ குடும்பத்தைப் பார்த்திருக்கேன். அப்பா வேகமாப் போவார், அம்மா பின்னாடி வருவாங்க, பிள்ளைங்க சண்டை போடும். உங்க நாலு பேர் கோடும் ஒண்ணா ஏறி ஒண்ணா இறங்குது. இப்படி ஒத்துமையா அடி எடுத்து வெக்கற குடும்பத்தை நான் பார்த்ததே இல்லை. உங்களுக்கு உச்சிப் பாதைதான். நாளைக்கு உறுதி பண்ணிடறேன்.”

சுஹாஸ் கையிலிருந்த ஸ்பூன் கீழே விழுந்தது. ஹம்சினி தண்ணீர் குடித்தாள், குடித்துக்கொண்டே இருந்தாள். காமாக்ஷியின் முகம் வெளுத்தது. சந்தோஷம் அதிகமானால் சிலருக்கு அப்படி ஆகும் என்று ராகவேந்திரன் அறிவார்.

கடைசி முயற்சியாக அவர் தொண்டையைக் கனைத்தார். “அங்கே காட்டுல அட்டைப் பூச்சி நிறைய இருக்குமாம். காலைப் பிடிச்சா விடாதாம்.”

“அப்படியா?” காமாக்ஷி சட்டென்று நிமிர்ந்தாள். “அப்போ வேண்டாம்னு தோண்றதா உங்களுக்கு?”

எத்தனை வேதனையோடு கேட்கிறாள். அவருக்கு மனசு கேட்கவில்லை.

“சேச்சே. எனக்கென்ன பயம்? உனக்காகத்தான் சொன்னேன்.”

“நீங்க ஏறினா நானும் ஏறிடறேன்” என்றாள் காமாக்ஷி, சன்னமான குரலில்.

“மழை வரும்ப்பா” என்றான் சுஹாஸ் நம்பிக்கையோடு.

“வந்தா நனைஞ்சுண்டே ஏறுவோம்” என்றார் ராகவேந்திரன். வாய் தன் பாட்டுக்குப் பேசியது. உள்ளே எங்கோ ஒரு மரப்பெஞ்சை அலை அடித்துக்கொண்டு போயிற்று.

இரவெல்லாம் அவர் கயிற்றில் தொங்கினார். விடியும்போது ஒரு முடிவுக்கு வந்திருந்தார். இன்றைக்குக் காமாக்ஷியிடம் உண்மையைச் சொல்லிவிட வேண்டும். இவர்கள் மூவரும் உச்சிக்குப் போகட்டும். தான் கீழே உட்கார்ந்து கையசைக்கலாம். ஆனால் எட்டு மணிக்கு வாட்ச் திரும்பி வந்ததும், அதைக் கையில் கட்டிக்கொண்டு சொன்னால் கொஞ்சம் மரியாதையாக இருக்கும். அதுவரைக்கும் வழக்கம்போல் நடக்கட்டும் என்று குளக்கரையில் அதைக் கொடுத்துவிட்டு வந்தார்.

ஏழு மணிக்கே பூஜா வீடியோவில் வந்துவிட்டாள். நால்வரும் சாப்பாட்டு மேஜையைச் சுற்றி உட்கார்ந்திருந்தார்கள்.

“ஒரே ஒரு வேலைதான் சார். நாலு பேரும் வாட்ச் கட்டின கையைக் காட்டுங்க. ஒரு படம் எடுத்துக்கறேன். எங்க விடுதிச் சுவர்ல மாட்டப் போறோம். ஒத்துமையான குடும்பம்னு.”

ராகவேந்திரன் கையை மேஜைக்கடியில் இழுத்துக்கொண்டார். அவர் இருந்த பதற்றத்தில், மேஜைக்கு மேலே வேறு ஒரு கைகூட இல்லை என்பதை அவர் கவனிக்கவில்லை.

“சார்ஜ்ல போட்டிருக்கு” என்றான் சுஹாஸ்.

“என்னுதும்” என்றாள் ஹம்சினி.

“காபிப் பொடி தீர்ந்துபோச்சு, வாங்கிண்டு வந்துடறேன்” என்று எழுந்தார் ராகவேந்திரன். பரணில் இரண்டு டப்பா காபிப் பொடி இருப்பது எல்லோருக்கும் தெரியும்.

“போய்ட்டு வாங்கோ” என்றாள் காமாக்ஷி. “நிதானமா வாங்கோ. அவசரமே இல்லை.”

அவர் நொண்டிக்கொண்டே ஓடினார். குளத்துத் தண்ணீரில் கோபுரம் தலைகீழாக அசைந்தது. ஞாயிற்றுக்கிழமை மாட வீதி அரைத் தூக்கத்தில் இருந்தது. நல்லவேளையாகக் கயல் பாதி ரவுண்டில் பூ எடுக்க வந்து, குளக்கரையில் குனிந்து கூடையை நிரப்பிக்கொண்டிருந்தாள்.

“கயல், சீக்கிரம்” என்று அவர் மூச்சிரைத்தார். “வாட்ச்சைக் குடு. காமாக்ஷிகிட்ட உண்மையைச் சொல்லிடப் போறேன். பாவம், அவ இருபத்தஞ்சு வருஷமா ஆசைப்பட்ட மலை. என்னால அது கெடக் கூடாது.”

கயல் நிமிராமலே சுருக்குப்பையை அவிழ்த்து, ஈரத் துணிமேல் கவிழ்த்தாள்.

“ரோஸ் கலரு அம்மாவுது சார், ‘அவருக்கு மலைன்னா உசுரு, என்னாலதான் ஏற முடியாது’ன்னு மொத நாளே குடுத்துச்சு. மீதி மூணுல உன்து எது?”