இருமல் வரும் இடம்

"மைக்காவோவிலேருந்து சித்தி பிள்ளைங்க எல்லாரும் வர்றாங்க. ரியோஆச்சாவிலேருந்து பெரியம்மா வர்றாங்க. பஸ்ல ஏறினாலே வாந்தி, இருந்தாலும் வர்றாங்க" என்றாள் நூரிஸ்.

அவள் கணவர் லிபார்தோ தாசா, கழற்றிப் போட்ட மின்விசிறியின் வயிற்றுக்குள்ளிருந்து தலையை எடுக்காமலே, "எதுக்கு?" என்றார்.

"எதுக்கா? சனிக்கிழமை திருவிழா மேடையில எவாரிஸ்தோ உங்க பேரைச் சொல்லிக் கூப்பிடறதைக் கேக்கத்தான்!"

திருப்புளி கை நழுவி விசிறியின் உள்ளே எங்கோ விழுந்தது. அந்த விசிறி இன்றைக்கும் ஓடும்போது அது உள்ளே உருளும் சத்தம் கேட்கும்.

விஷயம் இதுதான். எங்கள் பக்கத்துப் பாட்டுகளில் ஒரு சரணம் முடிந்து அக்கார்டியன் தனியாகப் பேச ஆரம்பித்ததும், பாடகர் தன் கூட்டாளி ஒருவன் பேரை உரக்கச் சொல்லிக் கூப்பிடுவார். அதுவும் சேர்ந்தேதான் இசைத்தட்டில் பதிவாகும். பாட்டில் பேர் வந்தவனுக்கு எங்கள் ஊரான பியெத்ரா லிசாவில் சிலையே தேவையில்லை. சிலையின் தலையில் புறா உட்காரும். பாட்டில் வந்த பேரின்மேல் எதுவும் உட்கார முடியாது.

எவாரிஸ்தோ பிரீத்தோ எங்கள் ஊர்க்காரர். இளவயதில் அக்கார்டியனைத் தூக்கிக்கொண்டு அவரும், சிறு மத்தளத்தைத் தூக்கிக்கொண்டு லிபார்தோவும் ஊர் ஊராகத் திருவிழாவுக்கு நடந்தவர்கள். லிபார்தோவின் மத்தளம் எப்போதும் பாட்டுக்கு ஒரு அடி பின்னால் வரும். "பரவாயில்லடா, நான் நின்னு கூட்டிட்டுப் போறேன்" என்பார் எவாரிஸ்தோ. ஒருமுறை ஆற்றில் வெள்ளம். எவாரிஸ்தோவுக்கு நீச்சல் தெரியாது. லிபார்தோ அக்கார்டியனைத் தலையில் வைத்துக்கொண்டு, சட்டையைப் பிடித்துத் தொங்கிய எவாரிஸ்தோவையும் இழுத்துக்கொண்டு கடந்தார். பெட்டி நனையவில்லை. எவாரிஸ்தோ பாதி நனைந்தார். இரண்டையும் கரையில் போட்ட பிறகு லிபார்தோவை ஆறு கொண்டுபோய், பக்கத்து ஊரில்தான் விட்டது. அங்கே அவர் எழுந்து நின்றபோது சட்டைப்பைக்குள் இரண்டு மீன்கள் இருந்தன. அன்று ராத்திரிச் சாப்பாடு அதுதான்.

அந்த வருடம்தான் எவாரிஸ்தோ நகரத்துக்குப் போய் அந்தப் புகழ்பெற்ற பாட்டைப் பதிவு செய்தார். ஒரு பெண்ணைப் பற்றிய பாட்டு. எந்த ரேடியோவில் அது ஒலித்தாலும் லிபார்தோவுக்கு அந்தப் பெண் ஞாபகம் வரமாட்டாள். மீன் வறுக்கும் வாசனைதான் வரும்.

பாட்டில் ஐந்து பேர்கள் வந்தன. லிபார்தோவின் பேர் இல்லை. தட்டில் இடம் அவ்வளவுதான், அடுத்த தட்டில் சொல்வான் என்று லிபார்தோ பெருந்தன்மையாக இருந்துவிட்டார். ஆனால் நூரிஸைக் காதலிக்கும்போது பெருந்தன்மை உதவவில்லை. அவளுக்குப் பின்னால் ஒரு பால்பண்ணைக்காரனும் ஒரு போலீஸ்காரனும் சுற்றிக்கொண்டிருந்தார்கள். "அந்தப் பாட்டில் என் பேர் வருது" என்று லிபார்தோ சொல்லிவிட்டார்.

அன்றிலிருந்து ஏறக்குறைய நாற்பது வருடமாக, ரேடியோவில் அந்தப் பாட்டு மூன்றாம் சரணத்தைத் தாண்டினால், லிபார்தோவுக்கு இருமல் வரும். மழையானாலும் வெயிலானாலும் சரியாக அந்த இடத்தில் வரும். இருமி முடித்து, கண்ணைத் துடைத்துக்கொண்டு, "கேட்டியா?" என்பார். "கேட்டேன்" என்பாள் நூரிஸ்.

இப்போது எவாரிஸ்தோ எழுபதைத் தாண்டி, கண்ணில் பார்வை மங்கி, கடைசியாக ஒருமுறை சொந்த ஊரில் வாசிக்க வருகிறார். நேரே நின்று பாடுகிறவர் முன்னால் எத்தனை இருமினாலும் மேடை ஒலிபெருக்கியை அமுக்க முடியாது.

இது போதாதென்று நூரிஸின் தம்பி தியோஃபிலோவும் வாசலில் வந்து நின்றான்.

"என்ன மச்சான், சனிக்கிழமை பேரைச் சொல்லுவாராமே? முழுப்பேரும் சொல்லுவாரா, இல்ல 'விசிறிக்காரா'ன்னு மட்டும் சொல்லுவாரா?"

"முழுப்பேரும் சொல்லுவான். உன் பேரையும் சேத்துச் சொல்லச் சொல்லவா?"

"வேணாம் மச்சான். என்னை எங்க அம்மாவே பேர் சொல்லிக் கூப்பிட்டதில்ல."

மறுநாள் லிபார்தோ வீட்டிலிருந்த நல்ல வெள்ளாட்டைக் கயிற்றில் பிடித்துக்கொண்டு, எவாரிஸ்தோ தங்கியிருந்த ஓர்த்தென்சியா அம்மாள் வீட்டுக்குப் போனார். வாசலில் நாஃபெர் உட்கார்ந்திருந்தான். கீறிய பனங்கோலைக் கம்பியால் சுரண்டித் தாளம் போடுகிறவன். பெரியவருக்குக் கண்ணும் கைத்தடியும் சவரக்கத்தியும் அவனேதான்.

"பெரியவர் தூங்கறாரு ஐயா."

"எழுப்ப வேணாம்பா. லிபார்தோ தாசா வந்தேன்னு சொல்லு. கூட்டாளி. பேரைக் கேட்டாலே ஞாபகம் வரும்."

"ஊரே அப்படித்தான் சொல்லுது ஐயா. கூட்டாளின்னு சொல்லாத ஒருத்தரை இன்னும் நான் இந்த ஊர்ல பாக்கல."

"மேடையில ஒரு தடவை... பேரை..." லிபார்தோ கயிற்றை நீட்டினார்.

நாஃபெர் ஆட்டைப் பார்த்தான். ஆடு நாஃபெரைப் பார்த்தது. "காதுல போட்டு வைக்கறேன்" என்றான்.

அத்தோடு முடிந்திருந்தால் நன்றாக இருந்திருக்கும். ஆனால் எதிர்ப்பக்கம் மருந்துக்கடை அமீல்கார், கடைக்குள்ளிருந்து எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டிருந்தார். ஆட்டோடு போனவர் ஆடில்லாமல் திரும்பி வந்தால் அதற்கு ஒரே அர்த்தம்தான். அன்று மத்தியானம் அமீல்கார் இரண்டு ஆடு அனுப்பினார். அமீல்காருக்கு எதிராகத் தேர்தலில் நின்றவர் மூன்று அனுப்பினார். மேயர் ஒரு பசுமாட்டை அனுப்பினார். அதன் கழுத்தில் தன் பேரை எழுதியே தொங்கவிட்டிருந்தார்.

வெள்ளிக்கிழமை காலை பியெத்ரா லிசாவில் விலைக்கு ஆடு கிடையாது. ஓர்த்தென்சியா அம்மாள் வீட்டு முற்றத்தில் ஆடுகள் ஒன்றின்மேல் ஒன்று நின்றன. மேலே நின்றவை கூரை ஓலையைத் தின்றன. 'ஊரின் தவப்புதல்வரே வருக' என்று கட்டியிருந்த துணியில் 'ஊரின்' வரைக்கும் தின்றுவிட்டு, மீதியைச் சாயங்காலத்துக்கு வைத்திருந்தன.

"உங்களால ஊருல ஒரு ஆடு இல்ல. வர்ற சொந்தக்காரங்களுக்கு மரவள்ளிக்கிழங்கை மட்டுமா அவிச்சு வைக்கறது?" என்றாள் நூரிஸ்.

இத்தனை ஆட்டுக்கு நடுவில் தன் ஒற்றை ஆடு எங்கே தெரியப்போகிறது என்று லிபார்தோவுக்குக் கவலை பிடித்துக்கொண்டது. அந்த நேரம் பார்த்து ஓர்த்தென்சியா அம்மாளிடமிருந்து ஆள் வந்தது. பெரியவர் அறை விசிறி நின்றுபோய்விட்டதாம். ஆடு வயரைத் தின்றுவிட்டது.

லிபார்தோ வானத்தைப் பார்த்துச் சிலுவை போட்டுக்கொண்டு, பையைத் தூக்கிக்கொண்டு ஓடினார். நேருக்கு நேர் உட்கார்ந்து பேசிவிடலாம்!

எவாரிஸ்தோ தொங்குதூளியில் கண்மூடிக் கிடந்தார். நரைத்துப்போயிருந்தார். ஆனால் குறட்டை அதே குறட்டைதான். ஆற்றங்கரை மணலில் பக்கத்தில் படுத்துக் கேட்டது. லிபார்தோ சிறிது நேரம் சும்மா நின்று அதைக் கேட்டார். புழுக்கத்தில் கூட்டாளி வேர்த்து வழிந்துகொண்டிருந்தது மனசைச் சுட்டது. முதலில் காற்று, பிறகு பேச்சு என்று வேலையில் இறங்கினார். வாழ்நாளில் அப்படி ஒரு விசிறியை அவர் சரிசெய்ததில்லை. பொத்தானை அழுத்தினதும் மலைச்சாரல் மாதிரி காற்று வந்தது. சுவரில் மாட்டியிருந்த புனிதர் படம் கண்ணைச் சுருக்கிக்கொண்டது என்று ஓர்த்தென்சியா அம்மாள் இன்றும் சொல்வாள்.

அந்தக் காற்றில் எவாரிஸ்தோ புரண்டு படுத்து, இன்னும் ஆழமாகத் தூங்க ஆரம்பித்தார். லிபார்தோ கனைத்துப் பார்த்தார். இருமிப் பார்த்தார். நாற்பது வருடப் பழக்கமான இருமல், ஆனாலும் பலிக்கவில்லை. சாயங்காலம் வரை ஸ்டூலில் உட்கார்ந்திருந்துவிட்டு வீட்டுக்கு வந்தார்.

"பேசினீங்களா?" என்றாள் நூரிஸ்.

"நல்லாத் தூங்கறான்" என்றார் லிபார்தோ. அதில் அவருக்கு ஒரு திருப்தியும் இருந்தது. ஆனால் படுத்த பிறகு உள்ளே ஒரு முள் அசைந்தது. சொந்தக்காரர்கள் சிரித்தால் சிரிக்கட்டும். தியோஃபிலோ ஒரு வருஷத்துக்குக் கேலி பண்ணட்டும். எவாரிஸ்தோவுக்கு என்னை ஞாபகம் இருக்கிறதா இல்லையா? அது ஒன்று தெரிந்தால் போதும்.

சனிக்கிழமை வெயில் தாழ்ந்ததும் சதுக்கம் நிறைந்தது. நூரிஸின் சொந்தபந்தம் முன்வரிசையை அப்படியே வளைத்துப்போட்டது. வாந்திப் பெரியம்மா நடுநாயகமாக உட்கார்ந்து, "எப்ப வரும் பேரு?" என்று பாட்டு தொடங்கும் முன்பே கேட்க ஆரம்பித்துவிட்டாள்.

நாஃபெர் பெரியவரைக் கைப்பிடித்துக் கூட்டிவந்து உட்கார வைத்தான். எவாரிஸ்தோ அக்கார்டியனை ஒருதரம் விரித்தார். அவ்வளவுதான், லிபார்தோவுக்கு மீன் வாசனை வந்துவிட்டது. வெள்ளம், மணல், இரவல் வாங்கின சட்டி, உப்பில்லாத மீனைத் தின்றுகொண்டே "இதுக்கு மேல என்னடா வேணும்?" என்ற எவாரிஸ்தோ, எல்லாம் வந்தன. எனக்கு உயிரோடு இருந்து இதைக் கேட்கக் கொடுத்துவைத்திருக்கிறதே, பேர் வராவிட்டால்தான் என்ன என்று ஒரு கணம் நினைத்தார். மறு கணம் மூன்றாம் சரணம் முடிந்தது.

நாஃபெர் குனிந்து பெரியவர் காதில் ஏதோ சொன்னான். எவாரிஸ்தோ தொப்பியைக் கழற்றி நெஞ்சில் வைத்துக்கொண்டார். குரல் தழுதழுத்தது.

"அமீல்கார் ஓஞாத்தே! என் கூட்டாளியே!"

கூட்டம் ஆர்ப்பரித்தது. "பாத்தீங்களா, தொப்பியைக் கழட்டறாரு! என்ன மரியாதை!" என்று அமீல்கார் எல்லார் கையையும் பிடித்துக் குலுக்கினார்.

அடுத்து அவருடைய எதிரி. அடுத்து மேயர். மேயர் பேரைச் சொல்லும்போது பெரியவர் கண்ணில் நீரே வந்துவிட்டது. மேயரும் அழுதார், பாதுகாப்புக்கு நின்ற போலீஸும் அழுதது. பேர்கள் வந்துகொண்டே இருந்தன. மத்தளக்காரர் நடுவில் இறங்கிப்போய் ஒரு காப்பி குடித்துவிட்டு வந்தார். அப்போதும் பேர்கள் முடியவில்லை. தோல் வியாபாரி, பல் வைத்தியர், பல் வைத்தியரின் மாமனார். ஆட்டை அனுப்பிய ஒருவர் பேரும் விடுபடவில்லை.

பிறகு அக்கார்டியன் ஒரு சுற்று சுற்றி, நான்காம் சரணத்துக்குப் போய்விட்டது.

லிபார்தோ தாசா என்று யாரும் சொல்லவில்லை.

வாந்திப் பெரியம்மா திரும்பினாள். மைக்காவோ மொத்தமும் திரும்பியது. தியோஃபிலோ வாயைத் திறந்தான். அந்த நேரம் பார்த்து நூரிஸுக்கு இருமல் பிடித்துக்கொண்டது. சாதாரண இருமல் இல்லை. மேடையில் ஒலிபெருக்கி அதிர்ந்தது. தேவாலய மணி தானாக ஒருமுறை அடித்தது. கைக்குட்டையால் வாயைப் பொத்தி, முதுகைத் தடவச் சொல்லி, தண்ணீர் குடித்து, ஒருவழியாக நிமிர்ந்தாள்.

"ஐயையோ! நான் இருமின நேரம் பாத்தா பேரைச் சொல்லுவாரு? யாராச்சும் கேட்டீங்களா?"

"கேட்டாப்ல இருந்துச்சு" என்றாள் வாந்திப் பெரியம்மா சந்தேகமாக.

"நான் நல்லாக் கேட்டேன். முழுப்பேரும்" என்றான் தியோஃபிலோ, அக்காவின் முகத்தைப் பார்த்துக்கொண்டே.

லிபார்தோ மனைவியைப் பார்த்தார். அவள் மேடையைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"எத்தனை நாளா உனக்குத் தெரியும்?" என்றார் மெதுவாக.

"கல்யாணத்துக்கு முந்தியே. சித்தி வீட்ல அந்தத் தட்டு இருந்துச்சு. சும்மா பாட்டைக் கேளுங்க."

அவர் அவள் கையைப் பிடித்துக்கொண்டார். பால்பண்ணைக்காரனையும் போலீஸ்காரனையும் விட்டுவிட்டு, பொய் என்று தெரிந்தே வந்தவள். இதற்கு மேல் என்ன வேண்டும் என்று மனசு சொன்னது. ஆனாலும் அந்த முள் அங்கேயே இருந்தது.

பாட்டு முடிந்து கூட்டம் கலைந்தது. அமீல்கார் இவர்கள் பக்கமாக வந்து, "வருத்தப்படாதீங்க லிபார்தோ. கூட்டாளிங்கள்ல பெரிசு சின்னது உண்டு இல்லையா?" என்றார் மருந்து தரும் குரலில். அப்போது நாஃபெர் கூட்டத்தை விலக்கிக்கொண்டு ஓடிவந்தான்.

"ஐயா, வாங்க! பெரியவர் உங்களைக் கையோட கூட்டிட்டு வரச் சொன்னாரு. நீங்க வராம மேடையை விட்டு எறங்க மாட்டாராம்."

"பேரு ஞாபகம் வராதவனுக்கு ஆளை மட்டும் எதுக்கப்பா?"

"ஞாபகமா? பேரைச் சொன்னா 'மீனு, மீனு'ங்கறாரு!" நாஃபெர் அமீல்காரைக் கடைக்கண்ணால் பார்த்துவிட்டுக் குரலைத் தணித்தான். ஆனாலும் நன்றாகக் கேட்டது. "விஷயம் என்னன்னா ஐயா, இப்பல்லாம் பெரியவர் செத்துப்போன கூட்டாளிங்க பேரை மட்டும்தான் கூப்பிடுவாரு. 'உசுரோட இருக்கறவனுக்குப் போன் இருக்கு, செத்தவனுக்கு நான் வேற எப்படிச் சேதி அனுப்பறது?'ம்பாரு. இத்தனை ஆட்டை வாங்கிட்டு நான் என்ன செய்ய? காலையில சவரம் பண்ணும்போது ஊரையே ஒவ்வொருத்தராச் சாகடிச்சுட்டேன்."

அமீல்கார் தன் மணிக்கட்டைத் தானே பிடித்து நாடி பார்த்துக்கொண்டார்.

"அப்ப என்னை?" என்றார் லிபார்தோ.

"உங்களையும்தான் ஐயா சாகடிச்சேன். கேட்டதுமே பெட்டியைக் கீழ வச்சுட்டு, 'அவனே இல்லைன்னா இனிமே எனக்குப் பாட்டே கிடையாது'ன்னுட்டாரு. வேற வழியில்லாம உங்களை மட்டும் திரும்ப உசுரோட எழுப்ப வேண்டியதாப் போச்சு."