இரவல் அத்தை

ஒண்டுக் குடித்தனத்தில் காப்பிப்பொடி இரவல் வாங்கலாம், கட்டில் வாங்கலாம், கைக்குழந்தையைக்கூட வாங்கிக் கொஞ்சிவிட்டுத் திருப்பித் தரலாம். சொந்தக்காரர்களை மட்டும் இரவல் வாங்கக் கூடாது. நாங்கள் வாங்கினோம்.

இலங்கைத் தேயிலைத் தோட்டத்திலிருந்து அப்பாவும் நானும் கப்பலேறி வந்து, மாயவரத்தில் ஆறு குடித்தனம் இருந்த வீட்டில் ஓர் அறை பிடித்திருந்தோம். (அறை என்பது மரியாதைக்குச் சொல்வது. இரண்டு பேர் ஒரே சமயத்தில் புரண்டு படுக்க முடியாது.) குத்தாலத்திலிருந்து என்னைப் பெண் பார்க்க வரப்போவதாகச் சொன்ன தரகர், பெண்ணுக்கு உறவென்று நாலு பேராவது உண்டா என்று மாப்பிள்ளையின் அம்மா கேட்பதாகவும் சொன்னார். ஏற்கெனவே இரண்டு இடம் இதே கேள்வியில் தட்டிப்போயிருந்தது. அப்பாவுக்குச் சோறு இறங்கவில்லை.

பக்கத்து அறை ரத்தினமும் அவர் மனைவி சரோஜாவும், நாங்கள் எதற்கு இருக்கிறோம் என்று உறவாக நிற்க முன்வந்தார்கள். வந்த நாள் முதல் அவரைச் சித்தப்பா என்றும் இவரை அத்தை என்றும்தான் நான் கூப்பிட்டு வந்தேன். இருவருமே அப்பாவை "அண்ணே" என்றதால் வந்த முறை அது. அந்த வீட்டில் யாருக்கும் அது தப்பாகத் தோன்றியதில்லை.

அவர்கள் பெண் பார்க்க வந்த அன்று காப்பித் தட்டோடு நின்றேன். மாப்பிள்ளையின் அம்மா ஒவ்வொருவரையும் யாரென்று கேட்டார். அப்பா வாயைத் திறக்குமுன் நான் முந்திக்கொண்டேன். (முந்திரிக்கொட்டை என்று பெயரெடுத்தவள்.) இவர் என் சித்தப்பா, இவர் என் அத்தை, இருவரும் பக்கத்து அறையில்தான் குடும்பம் நடத்துகிறார்கள் என்று பெருமையாகச் சொன்னேன்.

அந்த அம்மா டம்ளரைக் கீழே வைத்தார்.

"அப்பாவோட தம்பியும் தங்கச்சியுமா குடும்பம் நடத்துறாங்க?"

ரத்தினம் தன் சொந்த மனைவியிடமிருந்து இரண்டடி தள்ளி நின்றார். மூன்றாவது இடமும் போயிற்று என்றே நினைத்தேன்.

அப்பா எழுந்து கைகூப்பினார். "எங்களுக்குன்னு இங்க யாரும் இல்லீங்க. இவங்க பக்கத்து ரூம்காரங்க. பொய்தான் சொன்னோம்."

அந்த அம்மா அப்பாவை ஏறிட்டுப் பார்த்தார்.

"உச்சவரம்புச் சட்டத்துக்குப் பயந்து, கூடப்பிறந்தவங்க பேர்ல நிலத்தை எழுதி வச்சோம். நிலமும் திரும்பி வரல, அவங்களும் வாசப்படி மிதிக்கல. உங்களுக்காகப் பொய் சொல்றதுக்காவது ஆள் இருக்கே" என்று சொல்லி டம்ளரை எடுத்துக் குடித்தார்.

கல்யாணத்துக்கு எங்கள் பக்கம் ஆறு குடித்தனமும் வந்தது.

என் கணவர் இன்றைக்கும் அந்தத் தம்பதியை யாருக்காவது அறிமுகப்படுத்தினால், "இவங்க என் பொண்டாட்டியோட அத்தை, இவரு அத்தைக்குக் கூடப்பிறந்த அண்ணன். ரெண்டு பேருக்கும் மூணு பேரப்பிள்ளைங்க" என்பார். சரோஜா அத்தை அவரை அடிக்க எதையாவது தேடுவார்.