வெர்னியர் சாரும் நாற்பது மில்லிமீட்டர் ஓட்டையும்

உலகத்தில் அளக்க முடியாதது எதுவும் இல்லை என்று நம்பி, அந்த நம்பிக்கையை மெதுவடை வரைக்கும் கொண்டுபோன ஒரே மனிதர் எங்கள் வெர்னியர் சார்தான்.

சட்டைப் பையில் பேனா வைத்திருப்பவர்களைப் பார்த்திருப்பீர்கள். மூக்குக் கண்ணாடி, பஸ் பாஸ், மூக்குப்பொடி டப்பா வைத்திருப்பவர்களையும் பார்த்திருப்பீர்கள். இவர் பையில் வெர்னியர் காலிப்பர் இருக்கும். ஒரு மில்லிமீட்டரை ஐம்பதாகக் கூறு போட்டு அளக்கிற எஃகுக் கருவி. ஏதோ ஒரு தொழிற்சாலையின் டூல் ரூமில் முப்பத்தைந்து வருடம் இன்ஸ்பெக்டராக இருந்துவிட்டு, ஓய்வு பெற்றுப் பெருங்களத்தூரில் எங்கள் குடியிருப்பின் பி பிளாக்கில் வந்து குடியேறியவர். வேலை போனது, கருவி போகவில்லை. குடியிருப்போர் சங்கப் பதிவேட்டில் அவருக்கு வேறு பெயர் உண்டு. செயலாளரான எனக்கே அது ஞாபகம் இல்லை என்றால் மற்றவர்களைப் பற்றிச் சொல்ல வேண்டாம்.

ஜி.எஸ்.டி. ரோடு டீக்கடையில் வடையை வாங்கிக் கடிக்கமாட்டார், முதலில் அளப்பார். "போன வாரம் எழுபத்திரண்டு. இன்னிக்கு அறுபத்தெட்டு" என்று மாஸ்டரைப் பார்ப்பார். மாஸ்டர் கொஞ்ச நாள் முறைத்தார். அப்புறம் அவருக்கென்று தனியாகப் பெரிய வடை ஒன்று தட்டிப் போட ஆரம்பித்துவிட்டார். மகள் கல்யாணத்தில் மாப்பிள்ளையின் விரலை இவரே அளந்துதான் மோதிரம் செய்யக் கொடுத்தாராம். அளவு அவ்வளவு கச்சிதமாக அமைந்ததில் மாப்பிள்ளையால் இன்றுவரை அதைக் கழற்ற முடியவில்லை என்று கேள்வி.

அவருக்குப் பிடித்த சொல் 'ரிஜெக்ட்'. சங்கத்தின் சார்பில் நான் ஆசையாக வாங்கிப் போட்ட புது கேட் தாழ்ப்பாளை ரிஜெக்ட் செய்தார். தண்ணீர் டேங்க் மூடியை ரிஜெக்ட் செய்தார். ஒரு தடவை என் கையெழுத்தையே ரிஜெக்ட் செய்தார், எழுத்துக்கு எழுத்து உயரம் ஒத்துவரவில்லை என்று.

இப்படிப்பட்டவர் குருவி வளர்ப்பு விஷயத்தில் இறங்கியதற்குக் காரணம் நான்தான். அதை இத்தனை நாள் வெளியில் சொன்னதில்லை.

எங்கள் பின்பக்கக் காலி மனையில் ஒரு பட்டுப்போன தென்னை நின்றது. அதில் ஒரு பொந்து. பொந்தில் ஒரு ஜோடி குண்டுக் கரிச்சான். கறுப்பும் வெள்ளையுமாக, வாலைச் செங்குத்தாகத் தூக்கிக்கொண்டு நிற்குமே, அந்தக் குருவி. மாசி பிறந்ததும் விடியலில் அது பாட ஆரம்பித்தால், அலாரம் வைத்திருப்பவர்கள் அதை அணைத்துவிட்டுப் பாட்டைக் கேட்டுக்கொண்டு படுத்திருப்பார்கள். அந்த மனையில் புது அப்பார்ட்மெண்ட் வந்தது. தென்னை போனது. வீடு இழந்த ஜோடி தேடித் தேடி, என் படுக்கையறைச் சுவரில் ஏசி குழாய் வெளியே போகிற ஓட்டையில் நார் சேர்க்கத் தொடங்கியது. எனக்கென்ன தெரியும்? குப்பை சேர்கிறது என்று மெக்கானிக்கைக் கூப்பிட்டு, நார் முழுவதையும் உருவச் சொல்லி, ஸ்பாஞ்சை வைத்து அடைத்துவிட்டேன்.

மறுநாள் வெர்னியர் சார் வந்தார். ஜன்னல் வழியே கையை விட்டு ஓட்டையை அளந்தார். திட்டுவார் என்று காத்திருந்தேன். திட்டியிருந்தால் கணக்கு அன்றோடு தீர்ந்திருக்கும்.

"தெரியாம செஞ்சிட்டீங்க சார், பரவால்ல. ஆனா இந்த வருஷம் அதுங்களுக்கு வீடு இல்ல" என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனார்.

அந்த வாக்கியம் என்னை ஒரு மாதம் தூங்கவிடவில்லை.

அடுத்த வருடம் அவரே பேக்கிங் பெட்டிப் பலகையில் ஒரு கூடு செய்து, வேப்பமரத்தை ஒட்டிய பி பிளாக் சுவரில் ஏணி போட்டு மாட்டினார். இரண்டே நாளில் குடி வந்தது. கரிச்சான் இல்லை, மைனா. அன்று ஆரம்பித்தது போர்.

மைனா ஒரு தடவை இடம் பிடித்தால் கவுன்சிலர் மாதிரி, லேசில் காலி செய்யாது. வெர்னியர் சார் தினமும் காலையும் மாலையும் ஏணியில் ஏறி, அது சேர்த்த சாமான்களை அள்ளி வெளியே போடுவார். பாலிதீன் கவர், தலைமுடி, பிரியாணிப் பொட்டலம் கட்டின நூல், ஒரு தடவை யாருடைய ஆதார் ஜெராக்ஸிலோ பாதி. மைனா சாயங்காலத்துக்குள் மறுபடி நிரப்பும். அவர் மறுபடி அள்ளுவார். ஆனால் அவருக்கு ஒரு சட்டம் உண்டு. முட்டை வைக்கிறவரைக்கும்தான் காலி செய்யலாம், முட்டை வைத்துவிட்டால் அது குடும்பம், அப்புறம் கை வைக்கக் கூடாது. மைனாவுக்கு இந்தச் சட்டம் எப்படித் தெரிந்ததோ, அவர் ஒரு கல்யாணத்துக்காகக் காஞ்சிபுரம் போய்த் தங்கின நாலு நாளில் நாலு முட்டை இட்டுவிட்டது. அந்த வருடமும் கரிச்சானுக்கு வீடு இல்லை.

இதற்கிடையில் மைனாக்கள் அவர் முகத்தை நன்றாகக் குறித்துவைத்துக்கொண்டன. அவர் ஏணியைத் தொட்டாலே தலையைக் குறிவைத்துப் பாயும். அவர் பழைய சிவப்பு ஹெல்மெட் ஒன்றை மாட்டிக்கொண்டார். விளைவு, மைனாக்கள் அவரை விட்டுவிட்டுச் சிவப்பு ஹெல்மெட்டைப் பகைத்துக்கொண்டன. சிவப்பு ஹெல்மெட் போட்டு வந்த சாப்பாட்டு டெலிவரிக்காரர்கள் கேட்டிலேயே பொட்டலத்தை வைத்துவிட்டு ஓடினார்கள். என் சம்பந்தி புது ஸ்கூட்டரில் புது சிவப்பு ஹெல்மெட்டோடு வந்தவர், போர்டிகோவுக்குள் குனிந்தபடியே நுழைந்தார். எங்கள் வீட்டில் மரியாதை போதாது என்று இன்னமும் சொல்லிக்கொண்டிருக்கிறார்.

எதிரணிக்குத் தலைமை தாங்கியவர் இரண்டாம் மாடி ஜரீனா அக்கா. கணவருக்குப் பல்லாவரத்தில் மெத்தைக் கடை. அக்காவுக்கு ஒரு வழக்கம், தினமும் மீந்த சோற்றை ஜன்னல் விளிம்பில் வைத்துவிடுவார். ஊரிலுள்ள மைனா முழுக்க அங்கேதான் பந்திக்கு உட்காரும். சங்கக் கூட்டத்தில் அவர் நேராகவே கேட்டார்.

"ஏன் சார், மைனா மட்டும் இன்னா பாவம் பண்ணிச்சு? அதுவும் நம்மூரு பறவதானே?"

கூட்டம் வெர்னியர் சாரைப் பார்த்தது. அவர் யோசித்துத்தான் பதில் சொன்னார். "நம்மூருதாம்மா. அது மேல எனக்குக் கோவமே இல்ல. ஆனா நாம கொட்ற சோத்துலயும் குப்பையிலயும் அது ஏகத்துக்குப் பெருகிடுச்சு. எந்த ஓட்டை கெடைச்சாலும் வளைச்சுப் போட்டுக்குது. கரிச்சானுக்கு இருந்த ஒரு மரத்தையும் நாம வெட்டிட்டோம். மோதி ஜெயிக்க அதுக்கு ஒடம்பும் இல்ல."

ஜரீனா அக்கா தலையை ஆட்டிக் கேட்டுக்கொண்டார். ஆனால் சோறு வைப்பதை நிறுத்தவில்லை.

மூன்றாம் வருடம் தை மாதம் அவர் என்னிடம் ஒரு சேதி சொன்னார். முழங்கால் தேய்ந்துவிட்டதாம். எங்கள் கட்டடத்தில் லிஃப்ட் கிடையாது. ஜூனில் கோயம்புத்தூருக்கு, மகள் வீட்டோடு போய்விடப் போகிறார். "அதுக்குள்ள ஒரு தடவையாவது அதுங்க குஞ்சு பொரிச்சு வெளிய பறக்கணும் சார். இதுதான் கடைசி சான்ஸ்" என்றார். எனக்கு என் படுக்கையறை ஸ்பாஞ்ச் ஞாபகம் வந்தது. என்ன வேண்டுமானாலும் செய்கிறேன் என்று வாக்குக் கொடுத்துவிட்டேன்.

டூல் ரூமில் ஒரு உருளை இருக்குமாம். கோ, நோ-கோ கேஜ் என்று பெயர். ஒரு முனை ஓட்டைக்குள் போக வேண்டும், மறு முனை போகக் கூடாது. அப்படி இருந்தால்தான் ஓட்டை பாஸ். "கரிச்சான் கோ, மைனா நோ-கோ. அவ்ளோதான் சார், முப்பத்தஞ்சு வருஷம் நான் பார்த்த வேலைதான்" என்றார். ஆனால் மைனாவின் அளவு வேண்டுமே. அது இவர் பக்கத்தில் வருமா? வரும் இடம் ஒன்றுதான், ஜரீனா அக்காவின் ஜன்னல். அங்கே போய்க் கேட்க அவருக்கு வாய் வரவில்லை. கொடுத்த வாக்குக்காக நான் போனேன்.

ஜரீனா அக்கா என்னை உட்காரவைத்து டீ கொடுத்து, முழுக்கக் கேட்டுவிட்டு ஒரே ஒரு நிபந்தனை போட்டார். "கரிச்சானுக்கு வூடு ஆச்சுன்னா, மைனாக்கும் ஒரு வூடு அவரே செஞ்சு குடுக்கணும். சம்மதமான்னு கேட்டுகினு வாங்க."

சம்மதம் என்று சொல்ல வெர்னியர் சார் ஒரு ராத்திரி எடுத்துக்கொண்டார்.

பத்து நாள் சோதனை நடந்தது. அட்டைப் பெட்டியில் ஓட்டை போட்டு, உள்ளே சோறு வைத்து, ஜன்னலில் வைப்பார்கள். தினம் இரண்டு மில்லிமீட்டர் குறைத்துக்கொண்டே வந்தார். நாற்பத்தி நாலில் மைனா உள்ளே போய்ச் சாப்பிட்டு ஏப்பம் விட்டு வந்தது. நாற்பத்திரண்டில் ரொம்ப முக்கியது. நாற்பதில் தலை போனது, தோள் போகவில்லை. ஜரீனா அக்கா போனில் எனக்கு நேர்முக வர்ணனை கொடுத்தார். மைனா பட்டினி கிடக்கக் கூடாது என்று பக்கத்திலேயே தனிக் கிண்ணத்தில் சோறு வைத்ததையும் சொன்னார், ஆனால் வெர்னியர் சாரிடம் சொல்ல வேண்டாம் என்று கேட்டுக்கொண்டார்.

புதுக் கூடு தேக்கில் தயாரானது. அப்படி ஒரு வேலைப்பாட்டை நான் பார்த்ததில்லை. நாற்பது மில்லிமீட்டர் ஓட்டை, ஓரமெல்லாம் உப்புத்தாள் தேய்த்து, வார்னிஷ் அடித்து, உள்சுவர்கூட மினுமினுவென்று. குனிந்தால் முகம் தெரிந்தது. மைனா வந்தது, தலையை விட்டது, திட்டிவிட்டுப் போனது. நாங்கள் கை குலுக்கிக்கொண்டோம். கரிச்சான் வந்தது, பார்த்தது, போனது. மறுநாளும் வந்தது, போனது. ஒரு வாரம் ஓடியது. வெர்னியர் சார் ஓட்டையை இருபது தடவை அளந்தார். நாற்பது நாற்பதாகவே இருந்தது. அவர் சாப்பாடு குறைந்தது. டீக்கடையில் வடையை அளக்காமலே தின்றதாக மாஸ்டர் கவலையோடு என்னிடம் சொன்னார்.

எட்டாம் நாள் ஜரீனா அக்கா படியிறங்கி அவர் கதவைத் தட்டினார். நானும் அங்கே இருந்தேன்.

"கோச்சுக்காதீங்க சார். உங்க பொட்டி வழுக்குது. பொட்டக் கரிச்சான் காத்தாலேர்ந்து அஞ்சு தபா வந்துச்சு. கால ஊனப் பாக்குது, சர்ருனு எறங்கிடுது. எங்க வூட்டு பாத்ரூம் டைல்ஸ் மாதிரி கீது."

வெர்னியர் சாரோ ஒரு கீறல் இருந்தாலே பொருளைத் தூக்கிப் போட்ட மனிதர். ஒரு ஆணியை எடுத்துக்கொண்டு ஏணியில் ஏறினார். ஓட்டைக்குக் கீழேயும் மூடியைத் திறந்து உள்சுவரிலும் கோணல் மாணலாகக் கீறினார். அந்தச் சத்தத்தில் எனக்கே பல் கூசியது. கீழே இறங்கி வந்தபோது அவர் கண் கலங்கியிருந்தது. "ரிஜெக்ட் பீஸ் ஆயிடுச்சு சார்" என்றார்.

அந்த ரிஜெக்ட் பீஸுக்குள் மறுநாள் காலையே கரிச்சான் நுழைந்தது.

மே கடைசியில் குஞ்சுகளின் சத்தம் கேட்டது. ஜூனில் ஒரு வெள்ளிக்கிழமை அவர் சாமான் லாரி வந்து நின்றது. அன்று காலைதான் குஞ்சுகள் வெளியே வர ஆரம்பித்திருந்தன. இரண்டு பறந்துவிட்டன. மூன்றாவது ஓட்டையில் தலையை நீட்டிக்கொண்டு யோசித்துக்கொண்டிருந்தது. லாரி டிரைவர் என்னிடம் கெஞ்சினார். வெள்ளிக்கிழமை, மூணு மணி தாண்டினால் பெருங்களத்தூர் சிக்னலைக் கடக்க ராத்திரி ஆகிவிடும், ஊருக்குப் போகிற பஸ்ஸெல்லாம் வந்து அடைத்துக்கொள்ளும் என்றார். வெர்னியர் சார் வேப்பமரத்தடியில் பிளாஸ்டிக் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார். அவரை எழுப்ப யாருக்கும் தைரியம் வரவில்லை. ஜரீனா அக்கா மேலே ஜன்னலில் நின்று, மைனா எதுவும் பக்கத்தில் வராதபடி, தம் சோற்றுப் பந்தியையே கைதட்டி விரட்டிக்கொண்டிருந்தார்.

நாலே காலுக்குக் குஞ்சு குதித்தது. பறந்தது என்று சொல்ல முடியாது. விழுந்து, படபடத்து, வேப்பங்கிளை ஒன்றைப் பிடித்துக்கொண்டது. தாய் புழுவோடு வந்து நின்றது. வெர்னியர் சார் எழுந்து வேட்டியைத் தட்டிக்கொண்டார்.

"பாஸ்" என்றார். அந்தச் சொல்லை அவர் வாயிலிருந்து நான் கேட்டது அந்த ஒரு தடவைதான்.

லாரி ராத்திரி ஒன்பது மணிக்குத்தான் சிக்னலைத் தாண்டியதாம். மொட்டை மாடியில் அவர் மாட்டிவிட்டுப் போன இரண்டாவது பெட்டியை அடுத்த வாரம்தான் கவனித்தேன். ஐம்பத்தைந்து மில்லிமீட்டர் ஓட்டை, வார்னிஷ் இல்லை, உள்ளே ஆணிக் கீறல். அதில் மைனா குடித்தனம் நடத்திக்கொண்டிருந்தது.

இந்த வருடம் மாசியில் கரிச்சான் பெட்டியைச் சுத்தம் செய்ய நான்தான் ஏணியில் ஏறினேன். காவலாளி அறையில் அவர் விட்டுப்போன சிவப்பு ஹெல்மெட் கிடந்தது. அதை மாட்டிக்கொண்டேன். எட்டு மாதமாக வாயே திறக்காத மைனாக்கள் மாடியிலிருந்து கூட்டமாக இறங்கி வந்து, அவரைத் திட்டுகிற அதே திட்டைத் திட்டின. அவரை மறக்காதவர்கள் இந்தக் காம்பவுண்டில் நான் மட்டும்தான் என்று நினைத்திருந்தேன். பெட்டியைச் சுத்தம் செய்து முடித்த பிறகும் ஹெல்மெட்டைக் கழற்ற மனசு வராமல், திட்டு வாங்கிக்கொண்டு இன்னும் கொஞ்ச நேரம் ஏணியிலேயே நின்றேன்.