ஆரஞ்சுப் பையோடு போன முத்திரைப் புத்தகம்

எண்பத்தெட்டாம் கோயில் அடிவாரம், சானுகி
நவம்பர் 16

மரியாதைக்குரிய மச்சான் ஷினோஹரா யசுஹிதே அவர்களுக்கு,

உங்கள் தங்கை சுமியேயின் கணவன் மொரிவாகி தாமோத்சு தலைவணங்கி எழுதிக்கொள்வது. அகிதாவில் இந்நேரம் முதல் பனி விழுந்திருக்கும். உங்கள் நெஞ்சுக்கு ஆகாத குளிர் அது, கம்பளியை விட்டு வெளியே வராதீர்கள். இகுயோ அக்காவுக்கு என் வணக்கம். இங்கே நான் சுகம். கால் நகம் இரண்டு மட்டும் இப்போது என்னோடு இல்லை.

முதலில் ஒரு மன்னிப்பு. வழியிலிருந்து உங்களுக்கு மூன்று தபால் அட்டைகள் போட்டேன். மூன்றிலும் "புத்தகம் பத்திரமாக இருக்கிறது" என்று எழுதியிருந்தேன். மூன்றும் பச்சைப் பொய். இப்போது எழுதுவதுதான் நிஜம்: புத்தகம் என் மடியில் இருக்கிறது, எண்பத்தெட்டு முத்திரையும் இருக்கிறது, இன்றே விரைவுத் தபாலில் வருகிறது, இருபதாம் தேதி உங்கள் அறுவை சிகிச்சைக்கு முன் உங்கள் தலையணைக்கு அருகில் இருக்கும். இதைப் படித்த பிறகு மற்றதைப் படியுங்கள். நெஞ்சு அதிரக் கூடாது என்பதற்காகத்தான் முடிவை முன்னால் எழுதிவிட்டேன்.

மூன்று வருடத்துக்கு முன் இந்தத் தீவின் எண்பத்தெட்டுக் கோயிலையும் நடந்து, கோயிலுக்கு ஒரு முத்திரையாகப் புத்தகத்தில் வாங்கி வந்தபோது, அறுபத்தைந்தாம் கோயிலில் உங்கள் இதயம் மக்கர் செய்து நீங்கள் திரும்பிப் போனீர்கள். போன மாதம் அந்தப் புத்தகத்தை என் கையில் வைத்து, "மிச்சத்தை நீ நடந்து முடி, தாமோத்சு. ஒருவேளை நான் எழுந்திரிக்கலேன்னா பெட்டியில என் மார் மேல வெக்கணும். அரைகுறையா வெக்காதே" என்று சொன்னது எனக்குத் தூக்கத்திலும் கேட்டுக்கொண்டிருந்தது. அதனால்தான் விடுதி வேண்டாம், கூடாரம் போட்டுப் படுக்கிறேன் என்று வீராப்பாகக் கிளம்பினேன். உங்கள் தங்கை வாசலில் நின்று, "பின்னாடித் தோட்டத்துல ஒரு ராத்திரி படுத்துப் பாத்துட்டுப் போங்களேன்" என்றாள். கேட்டிருக்கலாம். ஒரு ஆள் கூடாரம் என்று வாங்கியது ஒரு ஆளுக்குத்தான். ஆனால் நடைக்கோல் என்பது இந்த வழியைத் தந்த மகான் கோபோ தாய்ஷியே அல்லவா, அவரை வெளியே நிறுத்த முடியுமா. கோலின் காலைக் கழுவி, துடைத்து, உள்ளே குறுக்காகப் படுக்க வைத்தால் என் கால் இரண்டும் முழங்கால் வரை வெளியே. மழை எங்கே பெய்ததோ இல்லையோ, என் காலில் தவறாமல் பெய்தது.

அடுத்த தொல்லை கமலா ஆரஞ்சு. சானுகியில் இது பறிக்கிற காலம். வெள்ளைச் சட்டையும் கூம்புத் தொப்பியுமாக ஒருவன் வருவது தெரிந்தால் போதும், தோட்டத்திலிருந்தும், ஸ்கூட்டரை நிறுத்தியும், ஒரு முறை பல் வைத்தியர் வாசலிலிருந்து கன்னம் வீங்கிய ஒரு அம்மாளும் ஓடிவந்து "ஓசெத்தாய்" என்று ஆரஞ்சை நீட்டுகிறார்கள். நடைக்காரனுக்குக் கொடுக்கிற காணிக்கையை மறுக்கக் கூடாது, இரண்டு கையாலும் வாங்கி, கும்பிட்டு, பெயர்ச்சீட்டு ஒன்றைத் திருப்பிக் கொடுக்க வேண்டும், உங்களுக்குத் தெரியாததா. நடந்து மெலியலாம் என்று வந்தவன், மூன்றாம் நாள் எழுபத்தொன்றாம் கோயிலின் ஐந்நூற்று நாற்பது படியை முதுகில் ஒன்பது கிலோ ஆரஞ்சோடு ஏறினேன். அங்கே முத்திரையும் வாங்கினேன். அதுவரை ஆறு கோயில், எல்லாம் ஒழுங்கு.

இறங்கும்போது மழை. முப்பத்தெட்டு வருடம் நகராட்சிக் குடிநீர்க் குழாயில் கசிவு கண்டுபிடித்துச் சம்பளம் வாங்கியவன், சொந்த முதுகுப்பையில் இருந்த ஓட்டையைக் கண்டுபிடிக்கவில்லை. கைப்பேசி குளித்துவிட்டு அடங்கிப்போனது. பதறிப்போய் யாத்ரீகர் கொட்டகையில் ஒதுங்கி, உங்கள் புத்தகத்தை பிளாஸ்டிக் உறையில் சுற்றி, இருப்பதிலேயே நனையாத இடம் எது என்று பார்த்து, ஒரு ஆரஞ்சுப் பைக்குள் அடியில் வைத்தேன். அப்போது கொட்டகைக்குள் ஒருவர் வந்தார். இசோனோ கென்சாகு என்று பெயர், எழுபத்தொன்பது வயது, நின்றபடியே மூச்சு வாங்காமல் பேசுகிறார். எனக்கு ஒரு அற்ப யோசனை தோன்றியது. அவரும் நடைக்காரர், நான் மறுக்கக் கூடாது என்றால் அவரும் மறுக்கக் கூடாதுதானே. ஒரு பையை எடுத்து இரண்டு கையாலும் நீட்டி "ஓசெத்தாய்" என்றேன்.

அவர் பையைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். "நீங்களும் நடக்கிறவர்தானே?" என்றார்.

"ஆமாங்க."

"கனமா இருக்கோ?"

"மரியாதைதாங்க."

"மரியாதை ரொம்ப கனமாத்தான் இருக்கு" என்று சொல்லி, கும்பிட்டு, தன் பெயர்ச்சீட்டைக் கொடுத்துவிட்டு மழையோடு மழையாகப் போய்விட்டார். சீட்டைப் பார்த்தேன், வெள்ளி நிறம். இருபத்தைந்து சுற்றுக்கு மேல் நடந்த ஆள். அரை மணி நேரம் கழித்து மற்ற பைகளைக் கட்டும்போதுதான் எந்தப் பையைக் கொடுத்தேன் என்று தெரிந்தது. மச்சான், அந்த நிமிடம் என் உயிர் என்னிடம் இல்லை.

ஓடினேன். வெள்ளிச்சீட்டுக்காரரை ஓடிப் பிடித்தவன் இந்தத் தீவில் பிறக்கவில்லை. அடுத்த நாள், பத்தாம் தேதி காலை, எழுபத்தைந்தாம் கோயில் வாசலில் பெருக்கிக்கொண்டிருந்தவர், "இசோனோ ஐயாவா? அவர் எப்பவும் மிசாவோ கடையிலதான் சாப்பிடுவார்" என்று கை காட்டினார். உடோன் நூடுல்ஸ் கடை. மிசாவோ அம்மாள் கொதிக்கிற சட்டிக்குப் பின்னாலிருந்து என்னை ஏற இறங்கப் பார்த்தாள்.

"ஆரஞ்சுப் பையா? குடுத்துட்டுப் போனாரே. இந்த ஊர்ல எனக்கு ஆரஞ்சைக் குடுக்கறாரு பாருங்க. என் தலையில கட்டிட்டு அவர் பாட்டுக்குப் போயிட்டாரு."

"அடியில ஒரு புத்தகம் இருந்துதுங்களா?"

"இருந்துச்சு. ஷினோஹரான்னு பேரு. உள்ள ஒரு துண்டுக் காகிதம், 'இருபதாம் தேதிக்குள் முடியணும், ஆபரேஷன்'னு. யாரோ முடியாதவங்க குடுத்து விட்டதுன்னு தம்பிகிட்ட குடுத்துட்டேன். டாக்ஸி ஓட்டறான், எழுபத்திரண்டுல இருந்து மீதிக் கோயிலுக்கெல்லாம் ஆளைக் கூட்டிட்டுப் போறான். அவங்க புத்தகத்தோட இதுலயும் முத்திரை வாங்கிருவான்."

அந்தக் காகிதம் நான் எனக்கே எழுதி வைத்த நினைவுச்சீட்டு. நான் அப்படியே பெஞ்சில் உட்கார்ந்து அழுதுவிட்டேன். அவளுக்கு அது நன்றிக் கண்ணீராகத் தெரிந்திருக்கிறது. ஒரு கிண்ணம் உடோன் வைத்து, "ஓசெத்தாய்" என்றாள். அழுதுகொண்டே சாப்பிட்டேன். நன்றாகத்தான் இருந்தது. அவள் தம்பி குவாஜிமாவுக்குப் போன் போட்டாள், வண்டி ஓட்டும்போது அவர் எடுப்பதில்லை. மத்தியானம் அவரே கூப்பிட்டு, "எண்பத்தெட்டுல குடுத்து வெச்சிடறேன். அவரை பஸ்ஸில வந்து வாங்கிக்கச் சொல்லு" என்றாராம்.

பஸ்ஸில் போயிருக்கலாம். இரண்டு மணி நேரம்தான். நிறுத்தத்தில் நின்றேன், பஸ்ஸும் வந்தது. ஓட்டுநர் கதவைத் திறந்து வைத்துக்கொண்டு என்னைப் பார்த்தார். நீங்கள் "நடந்து முடி" என்றுதான் சொன்னீர்கள். புத்தகம் டாக்ஸியில் போனது என் புத்தியால். காலாவது சொன்னபடி போகட்டும் என்று அவருக்குக் கும்பிடு போட்டுவிட்டு நடந்தேன். அவர் கதவை மூடும் முன் ஒரு ஆரஞ்சு கொடுத்தார்.

அப்புறம் ஐந்து நாளும் ஒரே கதை. ஒவ்வொரு கோயிலிலும் மந்திரம் சொல்லிவிட்டு முத்திரை அறைக்குப் போய், "ஷினோஹரா என்று ஒரு புத்தகம் வந்ததா?" என்று கேட்பேன். "நேத்தே வந்துட்டுப் போச்சே" என்பார்கள். எண்பத்தோராம் கோயிலில் மூக்குக்கண்ணாடி போட்ட ஒரு அம்மாள் மட்டும் தூரிகையைக் கீழே வைத்துவிட்டு, "புத்தகம் முந்தாநாள் வந்துச்சு, ஆளு இன்னைக்குத்தான் வர்றீங்களா? வழக்கமா ரெண்டும் சேந்துதான் வரும்" என்றாள். வெட்கம் பிடுங்கித் தின்றது. எண்பத்து நாலாம் கோயில் ஏற்றத்தில் காட்டுப்பன்றி ஒன்று வழிமறித்தது. ஒரு பை ஆரஞ்சைக் கீழே வைத்துப் பின்னால் நகர்ந்தேன். மறுக்காமல் வாங்கிக்கொண்டது.

நேற்று மாலை நாலே முக்காலுக்கு இங்கே வந்து சேர்ந்தேன். முத்திரை அறை ஐந்துக்கு மூடிவிடும். ஒருவேளை இங்கேயும் இல்லை என்றால் உங்கள் முகத்தில் எப்படி விழிப்பது என்று எண்ணிக்கொண்டே கடைசிப் படியை ஏறினேன். உள்ளே இருந்தவர் மேசைக்கு அடியிலிருந்து செய்தித்தாளில் சுற்றிய பொட்டலத்தை எடுத்தார். உங்கள் புத்தகம். எண்பத்தேழு வரை நிறைந்திருந்தது. எண்பத்தெட்டாம் பக்கம் காலி, அதில் குவாஜிமாவின் சீட்டு: "கடைசிப் பக்கம் நடந்து வருகிறவருக்கு." நான் பஸ்ஸை விட்டுவிட்டு நடந்ததை மிசாவோ அம்மாள் பார்த்துத் தம்பியிடம் சொல்லியிருக்க வேண்டும். அந்த மனிதரை நான் கண்ணால் கூடப் பார்த்ததில்லை, மச்சான். கடைசி முத்திரையின் மை காயும்வரை அங்கேயே உட்கார்ந்து விசும்பிக்கொண்டிருந்தேன், அவர்கள் கதவை மூடாமல் காத்திருந்தார்கள்.

இனி இந்த ஜென்மத்தில் கூடாரத்தில் படுக்க மாட்டேன். இங்கிருந்து எதிர்த்திசையில் நடை தொடங்கிய ஒரு கணவன் மனைவிக்கு இன்று காலை அதை ஓசெத்தாயாகக் கொடுத்துவிட்டேன். ஒரு ஆள் கூடாரம் என்றதும் அந்த அம்மாளின் முகம் சுருங்கியது, ஆனால் மறுக்க முடியாதே.

மச்சான், இனி நீங்கள் எதற்கும் கவலைப்பட வேண்டாம். நிம்மதியாகப் படுத்து, நிம்மதியாக எழுந்து வாருங்கள். உங்கள் மார்மேல் வெயிலைத் தவிர எதையும் வைக்கிற வேலை எங்களுக்கு வராமல் தாய்ஷி பார்த்துக்கொள்ளட்டும்.

உங்கள் காலடியில் பணிந்து,
மொரிவாகி தாமோத்சு

பி.கு.: தபால் நிலையத்திலிருந்து உங்கள் தங்கைக்குப் போன் செய்தேன். "அண்ணனுக்குப் பத்தாம் தேதியே ஆபரேஷன் முடிஞ்சு போச்சு. ஆஸ்பத்திரியில முன்னாடியே கூப்பிட்டுட்டாங்க. 'அவன்கிட்ட மூச்சு விடாதே, நடையை விட்டுட்டு ஓடிவந்துருவான்'னு சொல்லிட்டுத்தான் உள்ள போனாரு. இப்ப எழுந்து உக்காந்து கஞ்சியில உப்பு இல்லைன்னு சண்டை போடறாராம்" என்கிறாள். நான் மிசாவோ கடையில் அழுத அதே பத்தாம் தேதி. சந்தோஷத்தில் தபால்காரம்மாவைக் கும்பிட்டேன், அவள் ஆரஞ்சு கொடுத்தாள். நானும் பொய், நீங்களும் பொய், ஆகவே என்னைத் திட்ட உங்களுக்கு வழியில்லை.

புத்தகத்தை அனுப்பவில்லை. எண்பத்தெட்டும் முடிந்ததும் தாய்ஷியின் கோயா மலைக்குப் போய் நன்றி சொல்லி முத்திரை வாங்க வேண்டிய பக்கம் இன்னும் காலியாக இருக்கிறது. மே மாதம் நீங்களே வாருங்கள். வைத்தியர் விடுகிற தூரம் நடப்போம், மிச்சத்துக்குக் கேபிள் ரயில் இருக்கிறது. கொடுத்த கூடாரத்தைத் திரும்பக் கேட்க முடியாது, அதனால் வரும்போது புதிதாக ஒன்று வாங்கி வாருங்கள். மூன்று பேர் படுக்கிற மாதிரி பாருங்கள்: நீங்கள், நான், கோல்.