இரண்டு இடது பெடல்கள்

இனி ஓர் அடிகூட நடப்பதில்லை என்று முடிவு செய்தேன்.

போகிற போக்கில் எடுத்த முடிவில்லை. நாற்பத்தேழு வயதில், சுயநினைவோடு, ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில், இரண்டாவது டம்ளர் காபிக்கும் மூன்றாவது டம்ளர் காபிக்கும் நடுவில் எடுத்தது. மூன்றாவது டம்ளர் வரவில்லை. பிரச்சினை அங்கேதான் ஆரம்பித்தது.

நான் ஒரகடம் சாலையில் கார் உதிரி பாகங்கள் செய்யும் ஒரு கம்பெனியில் இன்ஸ்பெக்‌ஷன் சூப்பர்வைசர். வெளியிலிருந்து வரும் சாமான்களை அளந்து பார்த்து, தேறாதவற்றின் மேல் சிவப்புச் சீட்டு ஒட்டுவது என் வேலை. இருபது வருடமாக ஒட்டுகிறேன். அந்த மாதம்தான் முதல் தடவையாக ஒருவர் என் மேல் சீட்டு ஒட்டினார். கம்பெனி டாக்டர். வருடாந்தர பரிசோதனையில் எனக்குச் சர்க்கரை அளவு மீறியிருந்தது.

நேரம் பார்த்து மீறியிருந்தது. புது பிளான்ட் திறக்கப் போகிறார்கள். அதன் இன்ஸ்பெக்‌ஷன் முழுவதற்கும் இன்சார்ஜ் என்று என் பெயர் மேலே போயிருந்தது. டாக்டர் தகுதிச் சான்றிதழில் கையெழுத்துப் போட்டால்தான் அது கீழே இறங்கி வரும்.

"ஆறு வாரம் டைம். தினமும் முக்கால் மணி நேரம் நடங்க. தேதி, நேரம், தூரம் எல்லாம் ஒரு நோட்ல எழுதிக் கொண்டுவாங்க. சுகர் இறங்கினா கையெழுத்து. இல்லேன்னா இல்லை" என்றார்.

இல்லையென்றால் அந்த நாற்காலி என் ஜூனியர் பெருமாள்சாமிக்கு. அவன் வெர்னியரைத் தலைகீழாகப் பிடித்து அளவு சொல்பவன். அதையும் நம்பிக்கையோடு சொல்பவன்.

இதையெல்லாம் வீட்டில் சொன்னதுதான் நான் செய்த தவறு. என் மனைவி லீலா உடனே திட்டம் போட்டுவிட்டாள்.

"நாளையிலேர்ந்து காலைல அஞ்சரைக்கு ஏரிக்கரை. நானும் கூட வரேன்."

"ஏரிக்கரையில நாய் இருக்கு."

"இருந்தா ஓடுவீங்க. இன்னும் நல்லது."

"லீலா, நடக்கிறதுங்கிறது ஒரு இடத்துலேர்ந்து இன்னொரு இடத்துக்குப் போறதுக்காக ஏற்பட்டது. கிளம்பின இடத்துக்கே திரும்பி வர்றதுக்கு எதுக்குக் கிளம்பணும்?"

"அப்ப தெனம் கம்பெனிக்கு இன்னாத்துக்குப் போறீங்க? சாய்ங்காலம் வூட்டுக்குத்தான திரும்பி வரீங்க?"

தர்க்க சாஸ்திரத்தில் இதற்குப் பெயர் உண்டு. பதில் கிடையாது.

ஆனால் என்னிடம் ஒரு யோசனை இருந்தது. உடற்பயிற்சி சைக்கிள். நின்ற இடத்திலேயே நிற்கும். மின்விசிறிக்குக் கீழே போட்டுக்கொண்டு, பேப்பர் படித்தபடி மிதிக்கலாம். அறைக் கதவைச் சாத்திக்கொண்டால் மிதிக்காமலும் இருக்கலாம். இந்த இரண்டாவது வசதியை நான் லீலாவிடம் சொல்லவில்லை.

அன்றைக்கே ஸ்ரீபெரும்புதூர் பஸ் நிலையத்துக்குப் பக்கத்தில் இருக்கும் மின்னல் ஸ்போர்ட்ஸில் சைக்கிளை வாங்கினேன். கடைக்காரர் நம்பிராஜன் திருநெல்வேலிப் பக்கத்து ஆள். பிள்ளை பெற்றவளை வழியனுப்புவதுபோல் வாசல் வரை வந்து அட்டைப்பெட்டியை ஆட்டோவில் ஏற்றிவிட்டார்.

வீட்டில் பெட்டியைப் பிரித்தேன். சட்டம் இருந்தது. சீட் இருந்தது. கைப்பிடி, மீட்டர், நட்டு, போல்ட்டு எல்லாம் இருந்தன. இரண்டு பெடல் இருந்தன. இரண்டும் இடது பெடல்.

இதன் பயங்கரம் எல்லோருக்கும் புரியாது. இடது பெடலின் மரை எதிர்த் திசையில் சுற்றும். பிரம்மாவே ஸ்பானரோடு வந்தாலும் அதை வலது பக்கத்தில் ஏற்ற முடியாது.

லீலா எட்டிப் பார்த்தாள். "ஒரு பக்கம் மாட்டிக்கினு மிதிங்களேன். அந்தக் கால் மட்டுமாவது எளைக்கட்டும்."

"இது விளையாட்டு இல்ல."

"வெளையாட்டுச் சாமான் கடையிலதான வாங்கனீங்க? சரி குடுங்க, அத்த நான் போய் மாத்திக்கினு வரேன். அஞ்சு நிமிஷ வேலை."

நான் சிரித்தேன். அந்தச் சிரிப்பை இப்போது திரும்ப வாங்கிக்கொள்ள முடியுமென்றால் நல்ல விலை கொடுப்பேன்.

"இது டெக்னிக்கல் சமாசாரம் லீலா. சப்ளையரை எப்படிக் கேட்கணுமோ அப்படிக் கேட்கணும். இருபது வருஷமா இதைத்தான் செய்யறேன். பெடலை மாத்தற வரைக்கும் நான் விடமாட்டேன்."

"மாத்தற வரைக்கும் வுடமாட்டீங்க?"

"ஒரு நாள்கூட விடமாட்டேன்."

அவள் கடை பில்லை வாங்கி முன்னும் பின்னும் பார்த்துவிட்டுத் திருப்பிக் கொடுத்தாள்.

மறுநாள் சாயங்காலம் ஸ்கூட்டரில் போனேன்.

"வாங்க அண்ணாச்சி" என்றார் நம்பிராஜன். பெடலைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "அடடா. ரெண்டும் எடதா? கம்பெனிக்காரன் செஞ்ச வேலையப் பாத்தீயளா. நாளைக்குச் சாயங்காலம் வாங்க அண்ணாச்சி. வந்துரும்."

அதற்கு மறுநாள் ஸ்கூட்டர் இல்லை.

"வடக்குப்பட்டுலேர்ந்து தம்பி ராஜசேகர் வந்தான். அவனுக்கு ஷிஃப்ட் மாத்திட்டாங்களாம், அந்நேரத்துக்கு பஸ் இல்லியாம். எடுத்துக்கினு போடான்னேன்" என்றாள் லீலா.

"எத்தனை நாளைக்கு?"

"ஷிஃப்ட்டு எப்ப மாறுதோ அப்ப."

ஷேர் ஆட்டோ பிடிக்கலாம் என்று சாலைக்கு வந்தேன். கம்பெனிகள் விடுகிற நேரம். ஒவ்வோர் ஆட்டோவிலும் உள்ளே எட்டுப் பேர், வெளியே நான்கு பேர். வெளியே இருப்பவர்கள் எதைப் பிடித்துக்கொண்டிருக்கிறார்கள் என்பது இன்றுவரை எனக்கு விளங்கவில்லை. ஏற இடம் தேடிக்கொண்டே கொஞ்சதூரம் நடந்தேன். தேடி முடிப்பதற்குள் கடை வந்துவிட்டது.

"ஸ்டாக் மெட்ராஸ்ல தீந்துட்டாம் அண்ணாச்சி. நாளைக்கு வாங்க."

இப்படித்தான் அது தொடங்கியது. அடுத்த நாள் பெடல் வந்திருந்தது, ஆனால் அது குழந்தைகள் சைக்கிளுக்கான பெடல். அதற்கடுத்த நாள் சரக்கு லாரி வாலாஜாபாத்தில் நின்றுவிட்டது. அப்புறம் கம்பெனி ஏஜென்ட்டின் மாமனார் காலமானார். பத்து நாள் கழித்து அதே மாமனார் மறுபடியும் காலமானார். நான் சுட்டிக்காட்டினேன்.

"அது மொத சம்சாரத்தோட அப்பா அண்ணாச்சி" என்றார் நம்பிராஜன், கண்ணிமைக்காமல்.

அவரிடம் கோபப்படவும் வழியில்லை. குரலை உயர்த்தினால் டீ வரவழைத்துவிடுவார். அந்த டீயில் ஒரு நாளும் சர்க்கரை இருந்ததில்லை. டீக்கடைக்காரனிடம் கேட்டேன். "அவரு அப்டித்தான் சொல்லிக்கீறாரு சார்" என்றான். வாடிக்கையாளனுக்கு ஒரு கரண்டி சர்க்கரை போட மனம் வராத மனிதர் என்று எண்ணிக்கொண்டேன்.

ஒரு நாள் அலுத்துப்போய் போன் செய்தேன்.

"போன்ல சொன்னா சரிவராது அண்ணாச்சி. பில்லோட நேர்ல வரணும். கம்பெனி ரூல்."

இன்னொரு நாள் கம்பெனி நண்பர் ஒருவருடைய பைக்கில் பின்னால் உட்கார்ந்து போய் இறங்கினேன். நம்பிராஜன் முகம் வாடிவிட்டது.

"வண்டியிலயா வந்தீய?"

"ஆமா. அதனால என்ன?"

"ஒண்ணுமில்ல அண்ணாச்சி. பார்சல் ஆபீஸ்ல பெடல் வந்து கெடக்கான்னு பாக்கணும். ஒரு எட்டு நடந்து பாத்துட்டு வந்துருதீயளா? அங்கன வண்டி நிறுத்த எடம் கெடையாது."

பார்சல் ஆபீஸ் ஊரின் அடுத்த கோடியில் இருந்தது. அங்கே பெடல் இல்லை.

எனக்குத் தூக்கம் கெட்டது. கம்பெனியில் உட்கார முடியவில்லை. பார்க்கிறதெல்லாம் ஜோடி தப்பியதாகவே தோன்றியது. என் செருப்புகளைக்கூட ஒரு தடவை எடுத்துச் சரிபார்த்தேன். வீட்டுக்கு வந்தால் கூடத்தின் நடுவில் அந்தச் சைக்கிள் ஒற்றைக்காலோடு நிற்கும். அதைப் பார்த்ததும் சட்டையைக்கூட மாற்றாமல் கிளம்பிவிடுவேன். நாளாக ஆக நடையும் வேகமாயிற்று. முதல் வாரம் கடைக்கு முப்பத்தைந்து நிமிடம். நான்காம் வாரம் இருபத்தாறு.

இது எனக்கு எப்படித் தெரியும் என்று கேட்கலாம். எழுதி வைத்தேன்.

இன்ஸ்பெக்‌ஷன்காரனுக்கு ஆயுதம் அது ஒன்றுதான். நுகர்வோர் நீதிமன்றத்துக்குப் போவதென்று தீர்மானித்து ஒரு ஃபைல் போட்டேன். எங்கள் கம்பெனி ரிப்போர்ட் மாதிரியே கட்டம் கட்டினேன். தேதி. புறப்பட்ட நேரம். சேர்ந்த நேரம். பதில், அதாவது கடைக்காரர் சொன்னது. வீடு திரும்பிய நேரம். மனுதாரர் பட்ட உடல் வருத்தத்துக்கு நஷ்டஈடு கேட்க வேண்டுமல்லவா, அதனால் தூரம் என்று ஒரு கட்டம். காலடியை எண்ணி அளந்தேன். போகவர நாலு கிலோமீட்டர், நானூறு மீட்டர். குறிப்பு என்ற கடைசிக் கட்டத்தில் 'வியர்வை', 'மூச்சிரைப்பு', 'இன்று மூச்சிரைப்பு இல்லை' என்று நேர்மையாக எழுதினேன்.

லீலா தினமும் அதை எடுத்துப் படிப்பாள்.

"சோக்கா எழுதிக்கீறீங்க. ஒரு நாளும் வுட்டுடாதீங்க. கோர்ட்ல ஒரு நாள் இல்லைன்னாலும் ஒத்துக்க மாட்டாங்க."

என் போராட்டத்தில் அவளுக்கு இவ்வளவு அக்கறை இருக்கும் என்று நான் நினைக்கவில்லை. மனம் நெகிழ்ந்தது. அவள் சோற்றைக் குறைத்துக் கீரையை ஏற்றியதைக்கூட நான் பெரிதுபடுத்தவில்லை.

ஆறு வாரம் முடிந்தது. மறுபரிசோதனை நாள் வந்ததும்தான் எனக்கு நினைவு வந்தது. நான் ஒரு நாள்கூட நடக்கவில்லை. சைக்கிளும் மிதிக்கவில்லை. பெடல் சண்டையில் வேலையையே கோட்டை விட்டுவிட்டேன். பெருமாள்சாமி புது நாற்காலியில் உட்கார்ந்து வெர்னியரைத் தலைகீழாகப் பிடித்திருப்பது கண்முன் தெரிந்தது.

"டாக்டர் கேட்ட நோட்டை எடுத்துக்கினீங்களா?" என்றாள் லீலா.

"நடந்தாதானே நோட்டு?"

"நான் பைல வெச்சிக்கீறேன். கொண்டுபோய்க் குடுங்க."

ரத்தம் எடுத்தார்கள். ரிசல்ட் வருவதற்குள் நான் மூன்று தடவை எழுந்து மூன்று தடவை உட்கார்ந்தேன். டாக்டர் சீட்டைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். மறுபடியும் சீட்டைப் பார்த்தார்.

"நல்லா இறங்கியிருக்கு. எடையும் நாலு கிலோ குறைஞ்சிருக்கு. நோட்டு எங்கே?"

பையில் கையை விட்டேன். என் கைக்கு வந்தது நுகர்வோர் நீதிமன்ற ஃபைல்.

டாக்டர் அதை வாங்கிப் பக்கம் பக்கமாகப் புரட்டினார். "நாற்பத்தோரு நாள். ஒரு நாள்கூட விடலை. நிமிஷக் கணக்கு, மீட்டர் கணக்கு. சார், என் சர்வீஸ்ல இப்படி ஒரு வாக்கிங் ரெக்கார்டை நான் பார்த்ததில்லை." கையெழுத்தைப் போட்டார். "ஒரே ஒரு சந்தேகம். பதில் அப்படிங்கிற கட்டத்துல தினமும் 'நாளை வாருங்கள்'னு எழுதியிருக்கே, அது என்ன, உங்களுக்கு நீங்களே சொல்லிக்கிற ஊக்க வார்த்தையா?"

"ஆமாம்" என்றேன். வேறென்ன சொல்வது?

உடனே லீலாவுக்குப் போனில் விஷயத்தைச் சொன்னேன். சாயங்காலம் நேராகக் கடைக்குப் போனேன். நான் வாயைத் திறப்பதற்குள் நம்பிராஜன் எழுந்து நின்று கைகூப்பினார்.

"பாஸாயிட்டீயளாமே அண்ணாச்சி. ரொம்ப சந்தோசம். அக்கா இப்பத்தான் போன் பண்ணுனாவ." கல்லாவுக்குக் கீழேயிருந்து ஒரு பொட்டலத்தை எடுத்தார். "இந்தாங்க, ஒங்க வலது பெடல்."

பொட்டலம் சுற்றியிருந்த பேப்பரின் தேதியைப் பார்த்தேன். தொழில் பழக்கம். நான் சைக்கிள் வாங்கிய மூன்றாம் நாள் பேப்பர்.

"தப்பா நெனைக்காதீய அண்ணாச்சி. 'மாத்திக் குடுத்தா மனுசன் ஒக்காந்துருவாரு'ன்னு அக்கா சொல்லிட்டாவ. எங்களுக்கும் தெனம் ஒரு பொய் யோசிக்கணும்லா? மாமனார ரெண்டு மட்டம் கொல்ல வேண்டியதாப் போச்சு."

"அந்த டீ?"

"அதும் அக்காதான்."

இப்போது யோசித்தால் என் கோபம் அரைமணி நேரம்தான் இருந்தது. திரும்பும்போது இருபத்துமூன்று நிமிடத்தில் வீடு வந்திருந்தேன். வாசலில் ஸ்கூட்டர் நின்றது. ராஜசேகருக்கு ஷிஃப்ட் மாறிவிட்டதாம்.

பொட்டலத்தோடு நேராகக் கூடத்துக்குப் போனேன். தோற்றவனுக்கும் ஒரு மிச்சம் உண்டு. வேலை என் கையில், பெடலும் என் கையில். இனி மின்விசிறி, பேப்பர், சாத்திய கதவு. ஸ்பானரை எடுத்தேன். வலது பெடலை வலது பக்கத்தில் மாட்டினேன். வெண்ணெய்போல் ஏறியது. மறுபக்கம் போனேன்.

இடது பெடலைக் காணோம். இரண்டில் ஒன்றுகூட இல்லை.

"லீலா, இங்க ரெண்டு பெடல் இருந்துதே."

சமையலறையிலிருந்து பதில் வந்தது.

"அதுங்க ரெண்டும் சரியில்லைன்னு நீங்கதான தெனம் சொல்லிக்கினு இருந்தீங்க? மத்தியானம் தம்பிகிட்ட குடுத்துக் கடைக்கே அனுப்சிட்டேன். நாளைக்குச் சாய்ங்காலம் நேர்ல வந்து கேக்கச் சொன்னாராம்."

ஃபைலை எடுத்து அன்றைய நடையை எழுதிவிட்டு, நாற்பத்துமூன்றாவது நாளுக்குக் கட்டம் போட்டேன்.