டெய்லரக்கா பூட்டிவைத்த தீபாவளி

கொல்லிமலையில் தீபாவளியை மழை கெடுத்திருக்கிறது, மின்வெட்டு கெடுத்திருக்கிறது. ஆனால் தீபாவளியையே பீரோவில் வைத்துப் பூட்டி, சாவியை இடுப்பில் செருகிக்கொண்ட ஒரே பிறவி எங்கள் டெய்லரக்காதான்.

மலைமேல் வாழவந்தி நாடு என்ற ஊரில் நான் வாத்தியாராக இருந்தபோது எங்கள் வீட்டுக்கு எதிரே அவருடைய கடை. அவருடைய பெயர் என்னவென்று யாரும் கேட்டதில்லை. தையல் அபாரமாக இருக்கும். ஆனால் எதைத் தைப்பது என்பதை அவர்தான் முடிவு செய்வார். அரைக்கைச் சட்டைக்குத் துணி கொடுத்தேன், முழுக்கையாக வந்தது.

"பஸ்ஸுக்கு நிக்கறப்ப குளுருல நடுங்குனீங்க, பாத்தேனுங்க."

"துணி பத்தியிருக்காதேக்கா?"

"பாக்கெட்டை எடுத்துட்டேன் சாமி."

மாலை ஆறு மணிக்கு மட்டும் மிஷின் நிற்கும். டிவியில் ஒரு கார்ட்டூன் குடும்பம் வரும். தொப்பை அப்பா, ஓயாமல் வேலை செய்யும் அம்மா, இரண்டு வாலுப் பிள்ளைகள், ஒரு நாய். அக்கா அதைப் பக்கத்து வீட்டுப் பஞ்சாயத்து மாதிரி உட்கார்ந்து பார்ப்பார்.

தீபாவளிக்கு மூன்று நாள் இருக்கும்போது அதில் தீபாவளிச் சிறப்புக் கதை வந்தது. கார்ட்டூன் அம்மா விடிந்ததிலிருந்து முறுக்கு சுடுகிறாள். எல்லோருக்கும் புதுத்துணி வருகிறது. நாய்க்குக்கூட ஜரிகை வைத்த சட்டை. அம்மாவுக்கு மட்டும் எடுக்க மறந்துவிட்டார்கள். "உனக்கெதுக்கு? பழசுலயே நீ ராணி!" என்கிறார் தொப்பை அப்பா. டிவிக்குள் யாரோ கொல்லென்று சிரித்தார்கள். என் சட்டைக்காகக் காத்திருந்த நானும் சிரித்துத் தொலைத்தேன்.

அக்கா டிவியை அணைத்தார்.

"ஏனுங்க வாத்தியாரே, உங்க ஊட்டம்மாளுக்கு என்ன எடுத்தீங்க?"

"அவதான் வேண்டாம்னு சொல்லிட்டா..."

"அவங்க சொன்னாங்க, நீங்களும் சந்தோசமா கேட்டுக்கிட்டீங்களாக்கும்!"

அவ்வளவுதான். குழந்தைகள் துணியை மட்டும் வெளியே எடுத்து வைத்துவிட்டு, ஆண்கள் துணி மொத்தத்தையும் பீரோவில் போட்டுப் பூட்டினார். எந்த வீட்டிலிருந்து பெண்ணுக்கு ரவிக்கைத் துணி வருகிறதோ, அந்த வீட்டு ஆணுக்குத்தான் சட்டை. இதுதான் சட்டம்.

மறுநாள் காலை கடை முன்னால் போர்க்களம். பக்கத்து மலையூரான பைல் நாட்டிலிருந்து டூவீலரில் வந்த ஒருவர் கும்பிட்டார். "எனக்கு ஊட்டுக்காரியே இல்லீங்கக்கா."

"சோறு ஆக்கறது யாரு?"

"தங்கச்சிங்க."

"அப்ப தங்கச்சிக்குத் துணி கொண்டாங்க."

ஊர்க்கவுண்டரை அழைத்து வந்தார்கள். அவர் தொண்டையைச் செருமினார். "ஏம்மா, அது வெறும் பொம்மைப் படம்."

"பொம்மைன்னு எனக்கும் தெரியுமுங்க. உங்க ஊட்டம்மா போன தீபாவளிக்கு என்ன சீலை கட்டுனாங்க? சொல்லுங்க, இப்பவே சாவி தாரேன்."

கவுண்டர் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டார். பிறகு துணிக்கடை இருக்கும் திசையில் நடந்தார்.

மத்தியானத்துக்குள் மலையில் ரவிக்கைத் துணி தீர்ந்துபோனது. மலைப்பாதையின் எழுபது கொண்டை ஊசி வளைவையும் இறங்கி அடிவாரத்துக்கே ஓடினார்கள். மனைவிக்குப் பிடித்த நிறம் தெரியாமல் ஒருவர் நான்கு நிறத்தில் வாங்கி வந்தார். நான் பச்சையில் வாங்கினேன். என் மனைவி அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, மார்போடு அணைத்துக்கொண்டு உள்ளே போனாள். எனக்கு வெட்கமாக இருந்தது.

அக்கா இரண்டு நாள் சரியாகச் சாப்பிடக்கூட இல்லை. தீபாவளிக்கு முதல் நாள் மத்தியானம் கடைசி ரவிக்கைக்கும் கொக்கி வைத்து முடித்துவிட்டார். வாங்கிப்போகப் பெண்கள் திரண்டு வந்தார்கள். அப்போதுதான், அதிர்ந்தே பேசாத கவுண்டர் மனைவி வாயைத் திறந்தார்.

"டெய்லரக்கா, உங்களுது எங்கீங்க?"

"எனக்கென்ன கண்ணு, பழசு இருக்குது."

சொன்ன பிறகுதான் என்ன சொன்னோம் என்பது அவருக்கு உறைத்தது. பெண்கள் அத்தனை பேரும் ரவிக்கைகளை மேஜைமேல் திருப்பி வைத்துவிட்டுக் கடைப்படியில் வரிசையாக உட்கார்ந்தார்கள். "நீங்க தெச்சுக்கற வரைக்கும் எங்களுக்கும் வேண்டாமுங்க."

அக்கா திட்டினார், மிரட்டினார், கத்தரிக்கோலைக்கூட ஆட்டிப் பார்த்தார். ஒருத்தியும் அசையவில்லை. கடைசியில் யாரோ நீட்டிய ஊதாத் துணியை வாங்கினார். வாங்கி, விழித்தார். அவர் எப்போதும் மிச்சத்துணியில் குத்துமதிப்பாகத் தைத்துப் போட்டுக்கொள்கிறவர். தன் அளவு அவருக்கே தெரியாது. என் மனைவிதான் டேப்பை எடுத்தாள். வாழ்க்கையில் முதல் முறையாக ஒருவருக்கு அளவெடுத்தாள். அவள் சொன்ன அளவை இம்மியும் மாற்றாமல் அன்று ராத்திரியே அக்கா தைத்து முடித்தார்.

தீபாவளி காலையில் அக்கா ஊதா ரவிக்கையில் வந்து நின்றார். ஒரு கை இறுக்கிப் பிடித்திருந்தது, இன்னொரு கை தொளதொளவென்று தொங்கியது. என் மனைவிக்கு அழுகையே வந்துவிட்டது. "கழட்டிக் கொடுங்கக்கா, பிரிச்சுத் தெச்சுக்கலாம்."

"தொட்டீன்னா தெரியும்!" என்று சீறினார் அக்கா. பிறகு அந்த இறுக்கமான கையை மெல்லத் தடவிக்கொண்டார். "எனக்குன்னு ஒருத்தர் அளவெடுத்தது இதுதான் கண்ணு மொதத் தடவ. இப்படியே இருக்கட்டும்."

எனக்கு உடன்பிறந்த அக்கா கிடையாது. அன்று காலையிலிருந்து ஒருவர் இருக்கிறார்.