நான் இளைத்ததால் முந்திக்கொண்ட கல்யாணம்

எங்கள் ஆட்களிடையே ஒரு பெண் இளைத்துவிட்டால் அதற்கு இரண்டே காரணங்கள்தான் உண்டு. ஒன்று, புருஷன் சரியில்லை. இரண்டு, உடம்பு சரியில்லை. என் வீட்டுக்காரரை ஈப்போ பக்கத்து லகாட் வட்டாரத்தில் எல்லாருக்கும் தெரியும். தப்புத்தண்டா செய்வதாக இருந்தாலும் அதற்கு நாற்காலியை விட்டு எழுந்திருக்க வேண்டுமே என்று யோசிக்கிற மனிதர். ஆகவே எனக்கு இரண்டாவது காரணம்தான் என்று சொந்தபந்தம் ஏகமனதாக முடிவு செய்தது. உடற்பயிற்சி என்று மூன்றாவதாகவும் ஒரு காரணம் இருக்கலாம் என்று நிரூபிக்கப் போய்த்தான் என் இடுப்பு போனது. கூடவே என் மகளின் கல்யாணத் தேதியும் போனது.

ஆரோக்கியத்துக்காகத்தான் தொடங்கினேன் என்று இப்போது பெருமையாகச் சொல்லிக்கொள்ளலாம். யாரும் நம்ப மாட்டார்கள். ஈப்போவில் ஒரு சேலைக்கடையில் கல்லாவில் உட்கார்ந்தே முப்பது வருடம் ஓட்டியவள் நான். பத்து மணிக்குத் தேநீர், பதினொன்றுக்கு வடை, மூன்று மணிக்கு மறுபடியும் இரண்டும். கிளினிக் டாக்டர் வருடம் தவறாமல் எடையைக் குறைக்கச் சொல்வார். நானும் வருடம் தவறாமல் தலையாட்டிவிட்டு, போகிற வழியில் ரொட்டி சானாய் கட்டிக்கொண்டு போவேன். ஐம்பத்து நான்கு வயதில் எனக்கு ஞானம் வந்தது டாக்டரால் அல்ல, என் மகள் தர்ஷினியின் நிச்சயதார்த்தப் படத்தால். படத்தில் மாப்பிள்ளை வீட்டார் நாலு பேர் ஒரு பக்கம், நான் ஒருத்தி மறுபக்கம். படம் கனகச்சிதமாகச் சமநிலையில் இருந்தது.

கல்யாணம் அடுத்த தை மாதம். கிட்டத்தட்ட ஒரு வருடம் கையில் இருந்தது. கல்யாண ஆல்பத்தில் ஒடிசலாக நிற்பது என்று சபதம் எடுத்தேன். எங்கள் தாமான் குடியிருப்புக்குப் பின்னால் இருக்கும் பழைய ஈயச் சுரங்கக் குட்டையைச் சுற்றிக் காலையும் மாலையும் நடந்தேன். சீனியை விட்டேன். இரவில் வெள்ளரிக்காய் தின்றேன். கைப்பேசியில் ஒரு சிறுபிள்ளை கத்திக் கத்திச் சொல்லிக் கொடுத்த உட்கார்ந்து எழும் பயிற்சியைக் கதவைச் சாத்திக்கொண்டு செய்தேன். (என் அம்மா ரப்பர் தோட்டத்தில் பால் வாளியைத் தூக்கிக்கொண்டு மேடு பள்ளமெல்லாம் ஏறி இறங்கினார். அதற்கு யாரும் ஃபிட்னஸ் பயணம் என்று பெயர் வைக்கவில்லை. கூலி என்றுதான் வைத்தார்கள்.)

சித்திரை முடிவதற்குள் எட்டுக் கிலோ இறங்கியிருந்தது. கன்னம் ஒட்டியது. வளையல் முழங்கை வரை ஏறி இறங்கியது. யாராவது பாராட்ட மாட்டார்களா என்று ஏங்கிக்கொண்டே நடமாடினேன். பாராட்டு, மேரி அக்கா ரூபத்தில் வந்தது. மேரி அக்கா என்னோடு தோட்டத்து லயத்தில், ஒரே வரிசை வீடுகளில், பிறந்து வளர்ந்தவர்; இப்போதும் பக்கத்துத் தெருவில்தான் இருக்கிறார். காலைச் சந்தையில் மீன் கடைக்கு முன்னால் என்னைப் பார்த்ததும் கையில் இருந்த பையைக் கீழே வைத்துவிட்டார்.

“பாக்கியம், என்னா லா இப்பிடி ஆயிட்ட. எத்தன மாசமா?”

“மூணு மாசமா, அக்கா,” என்றேன் பெருமையாக.

“வலி இருக்கா?”

“ஆரம்பத்துல முட்டியெல்லாம் வலிச்சிச்சி. இப்ப பழகிப் போச்சி.”

“வீட்டுல தெரியுமா?”

“தர்ஷினிக்குச் சொல்லிட்டேன். அவருக்குச் சொன்னா என்னா, சொல்லாட்டி என்னா.”

மேரி அக்கா என் கையைப் பிடித்து, “தைரியமா இரு. கடவுள் இருக்காரு,” என்றார். எடை குறைப்பதற்கு இவ்வளவு ஆழமாக ஊக்கம் கொடுக்கிறாரே என்று நான் நெகிழ்ந்து போனேன். அன்று சாயங்காலமே எங்கள் பழைய தோட்டத்து வாட்சாப் குழுவில், “நம்ம பாக்கியத்துக்காக எல்லாரும் வேண்டிக்குங்க” என்று ஒரு செய்தி வந்தது. மகள் கல்யாணம் நல்லபடியாக நடக்கத்தான் வேண்டச் சொல்கிறார் என்று நினைத்து, நானும் மூன்று கும்பிடு பொம்மைகளைப் போட்டு, “உங்கள் பிரார்த்தனை எனக்குத் தேவை” என்று எழுதினேன். படித்தவள் இல்லையா, அழகாகத்தான் எழுதினேன்.

மறுநாளிலிருந்து வீட்டுக்கு மைலோ பானப்பொடி டின் வர ஆரம்பித்தது. எங்கள் ஊரில் நோயாளியைப் பார்க்க யாரும் வெறுங்கையோடு வருவதில்லை. கமுந்திங்கிலிருந்து ஒரு வேன் நிறைய ஆட்கள் வந்தார்கள். வந்தவர்கள் என்னைப் பார்க்காமல் தரையைப் பார்த்துப் பேசினார்கள். நான் நடைப்பயிற்சியைப் பற்றி விளக்கினேன். “ஆமா ஆமா, நடக்குற வரைக்கும் நடங்க,” என்றார்கள். மேரி அக்காவின் ஜெபக் குழு வந்து என் தலையில் கைவைத்து ஜெபித்துவிட்டுப் போனது. அடுத்த நாள் மாரியம்மன் கோயிலில் என் பெயருக்கு அர்ச்சனை. சமயப் பொறையுடைமைக்கு என் உடம்பு அன்று ஒரு எடுத்துக்காட்டாக விளங்கியது.

செய்தி தஞ்சோங் மாலிமுக்கும் போய்ச் சேர்ந்தது. அதுதான் மாப்பிள்ளை தினேஷின் ஊர். அங்கே கார் தொழிற்சாலையில் வேலை. அவர் அம்மா, என் சம்பந்தி லெட்சுமி, என் வீட்டுக்காரருக்கு போன் போட்டார். கல்யாணத்தை ஆனிக்குள் முடித்துவிடலாமா என்று கேட்டார். வீட்டில் ஒரு சாவு விழுந்தால் ஒரு வருடத்துக்கு நல்ல காரியம் கிடையாது. ஆடி பிறந்துவிட்டால் கல்யாணப் பேச்சே எடுக்க முடியாது. ஆக, நான் ஆடி வரைக்கும் கொஞ்சம் ஒத்துழைத்தால் போதும், அதற்கு மேல் என் சௌகரியம்.

இதற்கு என் வீட்டுக்காரர் என்ன சொன்னார் என்று நினைக்கிறீர்கள்? “நாம என்னாங்க பண்றது, அவ விருப்பத்துக்கு விட்டாச்சு,” என்றிருக்கிறார். என் உணவுக் கட்டுப்பாட்டைப் பற்றித்தான் சொன்னாராம்.

கோலாலம்பூரில் வேலை பார்த்துக்கொண்டே கணக்கியல் படித்துக்கொண்டிருந்த தர்ஷினி அன்றிரவே கூப்பிட்டாள். ஒரே கோபம்.

“மா, தைலதான் கல்யாணம். கார்த்திகைல எனக்கு கடைசிப் பரீச்ச இருக்கு. மண்டபம் புக் பண்ணியாச்சு. ஞாயித்துக்கெழம அவங்க ஒங்கள பாக்க வாராங்க. நேர்ல பாத்தா அவங்களே புரிஞ்சிக்குவாங்க. நீங்க ஒண்ணும் பண்ண வேணாம் மா. நல்லா இருக்குற மாதிரி இருந்தா போதும்.”

“நான் நல்லாதானடி இருக்கேன்.”

“அதான் சொல்றேன். ஒண்ணும் பண்ணாதீங்க.”

பிள்ளைக்கு என்னைத் தெரியும். அதனால்தான் இரண்டு முறை சொன்னாள்.

ஞாயிற்றுக்கிழமை பட்டுச்சேலை கட்டி, பவுடர் பூசி, உதட்டுச்சாயமும் போட்டுக்கொண்டு நின்றேன். ரவிக்கை தொளதொளவென்று இருந்ததால் நாலைந்து ஊசி குத்தியிருந்தேன். கார் வந்து நின்றதும் விறுவிறுவென்று நடந்துபோய் கேட்டைத் திறந்தேன். சம்பந்தி என்னை ஏற இறங்கப் பார்த்தார். பிறகு என் முழங்கையைப் பிடித்து, என் வீட்டுக்குள்ளேயே என்னை மெதுவாக நடத்திக்கொண்டு போய், என் நாற்காலியிலேயே என்னை உட்கார வைத்தார். பின்னால் தினேஷ் இரண்டு பெரிய மைலோ டின்களோடு வந்தார்.

நான் சீனி இல்லாத தேநீர் குடித்தேன். “இனிப்பும் ஆவாதா,” என்று சம்பந்தி கண்ணைத் துடைத்தார். பலகாரத் தட்டைத் தள்ளிவிட்டு வெள்ளரிக்காயைக் கடித்தேன். “வேற ஒண்ணும் எறங்கல போல,” என்று மகனிடம் மெதுவாகச் சொன்னார். எனக்கு உடம்புக்கு ஒன்றுமில்லை, எல்லாம் பயிற்சிதான் என்று விவரமாக எடுத்துச் சொன்னேன். முழுவதையும் பொறுமையாகக் கேட்டுவிட்டு, “நீங்க ரொம்ப தைரியசாலி, சம்பந்தி,” என்றார்.

எனக்கு ஆத்திரமாக வந்தது. எட்டுக் கிலோ கொழுப்பைக் கரைத்திருக்கிறேன், ஒரு மனுஷியாவது நன்றாக இருக்கிறாய் என்று சொல்லவில்லை. அந்த நேரம் பார்த்துத்தான் கேஸ்காரர் வந்து புது கேஸ் தொங்கை வாசலில் இறக்கி வைத்துவிட்டுப் போனார். தொங் என்றால் சமையல் கேஸ் நிரப்பிய இரும்பு உருளை. தினேஷ் அதை எடுத்துவர எழுந்தார்.

“நீங்க உக்காருங்க, மாப்ள,” என்றேன். “நான் தூக்குறேன்.”

“அத்த, வேணாம் அத்த.”

“பாக்கியம், சும்மா இரு லா,” என்றார் என் வீட்டுக்காரர், நாற்காலியில் இருந்தபடியே.

முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு தொங்கைத் தூக்கினேன். உண்மையிலேயே தூக்கினேன். வாசலிலிருந்து கூடம் வரை கொண்டுவந்தேன். சம்பந்தியின் முகத்தில் முதன்முறையாக ஒரு சந்தேகம் தெரிந்தது. அங்கேயே தொங்கைக் கீழே வைத்திருந்தால் கல்யாணம் தை மாதம் நடந்திருக்கும். வைத்தேனா? “இத வச்சிக்கிட்டே உக்காந்து எந்திரிப்பேன், பாக்குறீங்களா?” என்றேன்.

முதல் முறை உட்கார்ந்து எழுந்தேன். இரண்டாம் முறையும் எழுந்தேன். அப்போது தினேஷ் கைதட்டியிருக்கக் கூடாது. மூன்றாம் முறை உட்கார்ந்தபோது இடுப்பில் ஏதோ ஒன்று பளிச்சென்று பிடித்துக்கொண்டது. அதற்குப் பிறகு நான் எழவில்லை. உட்காரவும் இல்லை. இரண்டுக்கும் நடுவில், பட்டுச்சேலையில், கேஸ் தொங்கைக் கட்டிப்பிடித்தபடி அப்படியே நின்றேன். ரவிக்கையில் குத்தியிருந்த ஊசிகள் ஒவ்வொன்றாகத் தெறித்தன. வாயைத் திறந்தால் சத்தம் வரவில்லை, காற்றுதான் வந்தது.

“ஐயோ, வந்துருச்சி,” என்றார் சம்பந்தி. எதற்காகக் காத்திருந்தாரோ அது வந்துவிட்டதாம்.

தினேஷ் முதலில் என்னிடமிருந்து தொங்கைப் பிரித்தார். பிறகு, உட்கார்ந்த வடிவத்திலேயே என்னைத் தூக்கிக் காரில் வைத்தார். முட்டியும் நீளவில்லை, முதுகும் நிமிரவில்லை. கேட்டுக்கு வெளியே நாலு வீட்டு ஆட்கள் நின்றார்கள். வருங்கால மருமகன் மாமியாரை இப்படிச் சுமந்துகொண்டு போன காட்சியைப் பற்றி எங்கள் தாமானில் அதன்பிறகு வேறு பேச்சே இல்லை. மேரி அக்கா ஜெபமாலையோடு ஓடிவந்தார். நான் கையை ஆட்டி ஒன்றுமில்லை என்று சொல்லப் பார்த்தேன். அவர் அதை விடைபெறுவதாக எடுத்துக்கொண்டு தேம்பினார்.

பெரிய ஆஸ்பத்திரியில் டாக்டர் எல்லாவற்றையும் பார்த்தார். “தசைப் பிடிப்பு மட்டும்தான். மத்தபடி இந்த வயசுக்கு ரொம்ப நல்ல உடம்பு,” என்றார். இதைக் கேட்கத்தானே நான் தவம் கிடந்தேன். சம்பந்தியைப் பெருமையோடு பார்த்தேன். அவர் என் வீட்டுக்காரரிடம், “டாக்டருங்க நேரா சொல்ல மாட்டாங்க, அண்ணே,” என்றார்.

ஊசி போட்டு என்னைப் படுக்க வைத்தார்கள். கண் சொருகியது. சம்பந்தி கட்டிலருகே வந்து உட்கார்ந்து என் கையை எடுத்துத் தன் மடியில் வைத்துக்கொண்டார். நறுக்கென்று நாலு வார்த்தை கேட்டுவிடலாம் என்று நாக்கைத் தீட்டிக்கொண்டிருந்தேன்.

“என் கல்யாணத்துக்கு ரெண்டு மாசம் இருக்குறப்ப எங்கம்மா போயிட்டாங்க, சம்பந்தி,” என்றார். “ஒரு வருசம் கழிச்சித்தான் கல்யாணம் நடந்துச்சி. அம்மா நிக்க வேண்டிய எடத்துல யாரோ சித்தி நின்னாங்க. அன்னைக்கி பூரா நான் அந்த எடத்தயே பாத்துக்கிட்டு இருந்தேன். தாலி கட்டுனது கூட எனக்கு நெனப்பு இல்ல. தர்ஷினிக்கு அப்பிடி ஆவ வேணாம்.”

நான் அதுவரை இவர் நாள் கணக்குப் பார்க்கிறார், சடங்கு பார்க்கிறார் என்றே நினைத்துக்கொண்டிருந்தேன். என் பிள்ளைக்காக ஒருத்தி இப்படித் தவிக்கிறாள் என்று தெரிந்தபோது அவர் கையை இறுகப் பிடித்துக்கொண்டேன். தீட்டிய நாக்கு வேலை செய்யவில்லை. எனக்கு நோயே இல்லை, சம்பந்தி என்று சொல்வதற்குப் பதிலாக, கண்ணில் நீர் வழிய மெல்லத் தலையாட்டினேன். அந்த ஒரு தலையாட்டலில் கல்யாணம் ஆனி மாதத்துக்கு வந்துவிட்டது. தர்ஷினி ரயிலில் இறங்கி ஆஸ்பத்திரிக்கு வந்து சேர்ந்தபோது நாளே குறித்தாகிவிட்டது. “ஒண்ணும் பண்ணாதீங்கன்னு சொன்னேன்ல,” என்று மட்டும் கேட்டாள். அதற்குப் பிறகு இரண்டு நாள் என்னோடு பேசவில்லை.

கல்யாணம் கோயில் மண்டபத்தில் நடந்தது. சேலைக்குள்ளே இடுப்புப் பட்டை கட்டிக்கொண்டு, ஒரு நாற்காலியில் நட்டுவைத்தது போல் உட்கார்ந்திருந்தேன். அழைத்தவர்களைப் போல இரண்டு மடங்கு கூட்டம். கடைசியாக ஒருமுறை முகத்தைப் பார்த்துவிட வேண்டும் என்று பழைய தோட்டத்து ஆட்கள் எங்கெங்கிருந்தோ வந்திருந்தார்கள். மணமக்களுக்கு அட்சதை போட்டுவிட்டு நேராக என்னிடம் வந்து வரிசையில் நின்றார்கள். சிலர் பழைய சண்டைக்கு மன்னிப்புக் கேட்டார்கள். நானும் தாராளமாக மன்னித்தேன். படம் எடுக்க வந்த தம்பியிடம் சம்பந்தி முன்கூட்டியே, “பொண்ணு மாப்ளய அப்புறம் கூட எடுத்துக்கலாம். அம்மாவ நல்லா எடுங்க,” என்று சொல்லி வைத்திருந்தாராம். தம்பி சொன்ன பேச்சைத் தட்டாதவர்.

ஆகவே அந்த ஆல்பம் முழுக்க நான்தான். ஒட்டிய கன்னத்தோடு, ஒடிசலாக, சுற்றி நாலு பேர் என் கையைப் பிடித்து அழுதுகொண்டிருக்க, பக்கத்துக்குப் பக்கம் நான். தாலி கட்டும் படம் ஒன்றே ஒன்று இருக்கிறது. அதிலும் முன்னால் நான் தெளிவாக இருக்கிறேன், பின்னால் மணமக்கள் மங்கலாகத் தெரிகிறார்கள். “என் கல்யாணத்துல நான் எங்க மா?” என்று தர்ஷினி இன்றும் கேட்கிறாள். (பரீட்சையில் பாஸ் செய்துவிட்டாள். அதற்கும் என்னைத்தான் குறை சொல்கிறாள். கல்யாணம் முடிந்துவிட்டதால் படிக்கிறதைத் தவிர வேறு வேலை இல்லையாம்.)

வருடங்கள் ஓடிவிட்டன. இடுப்பு வலியைக் காரணம் காட்டி நடையை நிறுத்தினேன். மிச்சத்தை அந்த மைலோ டின்கள் பார்த்துக்கொண்டன. போன தீபாவளிக்கு தர்ஷினியின் அலுவலகத் தோழி ஒருத்தி வீட்டுக்கு வந்தாள். ஆல்பத்தை முதல் பக்கத்திலிருந்து கடைசிப் பக்கம் வரை மௌனமாகப் புரட்டினாள். மூடி வைத்துவிட்டுத் தர்ஷினியின் தோளைத் தொட்டு, “அம்மா ரொம்ப அழகா இருந்தாங்க. எப்ப தவறினாங்க?” என்று கேட்டாள்.

அவளுக்கு முறுக்குத் தட்டை நீட்டிக்கொண்டு எதிரே நின்றவள் நான்தான்.

அன்றிலிருந்து எங்கள் வீட்டில் எனக்கு அதுதான் பெயர். தஞ்சோங் மாலிமிலிருந்து போன் வந்தால் மாப்பிள்ளை முதலில் கேட்பது, “தவறினவங்க சாப்டாங்களா?” என்றுதான். என் வீட்டுக்காரர் நாற்காலியில் இருந்தபடியே எட்டிப் பார்த்து, “ரெண்டாவது தட்டு ஓடிக்கிட்டு இருக்கு,” என்று பதில் சொல்கிறார்.